மேட்டுக்கொல்லை மண் எங்கே போனது? கதிரியக்க அளவை வைத்துக் கண்டறியும் முறை

சோழவரம் பக்கம் என் தம்பிக்கு ஒன்றரை ஏக்கர் நிலம் இருக்கிறது. மேலே வேர்க்கடலை போடும் கொல்லை, கீழே நெல் கழனி. "அக்கா, கொல்லையில் ஏர் போகிற இடமெல்லாம் சரளை தலைகாட்டுகிறது. மண் எங்கேதான் போகிறது?" என்று ஓர் ஐப்பசி மழைக்குப் பிறகு கேட்டான். வடசென்னையில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். அவன் கேள்விக்கான விடை, மாணவர்களுக்காக நான் நாள்தோறும் இயக்கிக்கொண்டிருந்த, காமா கதிர்களை அளக்கும் கருவி வழியாகவே கிடைக்கும் என்பது அன்றுதான் உறைத்தது. அதன்பின் அவன் நிலத்திலும் அக்கம்பக்கத்திலும் மாணவர்களோடு பல கோடைகள் மண் எடுத்திருக்கிறேன். இதே வேலையில் இறங்க நினைக்கும் இளையவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் பற்றி. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் திறந்தவெளியில் அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தன. அதில் பிறந்த சீசியம் காற்றின் மேலடுக்குக்கு ஏறி, உலகைச் சுற்றி, மழையோடு தரைக்கு இறங்கியது. 1963இல் அது உச்சத்தைத் தொட்டது. அந்த ஆண்டே அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் பிரிட்டனும் வளிமண்டலச் சோதனைகளைக் கைவிடும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பிறகு வரத்து வேகமாகக் குறைந்தது. இறங்கிய சீசியம் களித்துகளைக் கெட்டியாகப் பற்றிக்கொள்கிறது, தண்ணீரில் எளிதில் கரைந்து போவதில்லை. ஆகவே ஓரிடத்தில் சீசியம் குறைந்திருந்தால் அங்கிருந்து மண் போயிருக்கிறது. கூடியிருந்தால் அங்கே மண் வந்து சேர்ந்திருக்கிறது. இந்த முறையின் அடிப்படை இவ்வளவுதான்.

ஒன்றை இப்போதே மனத்தில் வையுங்கள். இந்தப் படிவு வடக்கே 40 முதல் 50 பாகை அட்சரேகைகளில்தான் அதிகம். நாம் இருப்பது 13 பாகையில். ஐரோப்பியக் கட்டுரைகளில் காணும் எண்களை நம் மண்ணில் எதிர்பார்க்காதீர்கள். போதாததற்கு சீசியத்தின் அரை ஆயுள், அதாவது இருப்பது சிதைந்து பாதியாகக் குறைய ஆகும் காலம், ஏறத்தாழ 30 ஆண்டுகள். 1963இல் விழுந்ததில் இன்று கால் பங்கும் மிஞ்சவில்லை.

ஒப்பீட்டு நிலம்

எண்ணிக்கையெல்லாம் பிறகு. உங்கள் ஆய்வு நிற்பதும் விழுவதும் ஒப்பீட்டு நிலத்தில்தான். 1950களுக்குப் பிறகு உழவே படாத, மண் கொட்டப்படாத, மண் எடுக்கப்படாத, தண்ணீர் ஓடாத, தேங்காத சமதரை ஒன்று வேண்டும். அங்கே எவ்வளவு சீசியம் இருக்கிறதோ அதுதான் வானம் இந்த ஊருக்குக் கொடுத்த முழுத்தொகை. வயலில் உள்ளதை அதோடு ஒப்பிட்டால்தான் கூடுதலோ குறைவோ தெரியும்.

வடசென்னைச் சுற்றுவட்டாரத்தில் அப்படி ஒரு தரையைத் தேடிப் பாருங்கள், எவ்வளவு கடினம் என்று தெரியும். முதல் ஆண்டு நாங்கள் ஒரு பள்ளியின் விளையாட்டுத் திடலைத் தேர்ந்தெடுத்தோம். பார்க்க நல்ல சமதரை, புல்லும் இருந்தது. மேல் 20 சென்டிமீட்டரில் சீசியமே இல்லை. அதற்குக் கீழே இருந்தது! பள்ளமாக இருந்ததால் வேறெங்கிருந்தோ லாரியில் மண் கொண்டுவந்து நிரப்பிய இடம் அது என்று பிறகு தெரியவந்தது. ஒரு கோடையின் உழைப்பு முழுவதும் வீணானது. ராயபுரம் பக்கம் பழைய கல்லறைத் தோட்டம் ஒன்றில் எடுக்கலாம் என்று மாணவர் ஒருவர் சொன்னார். நல்ல யோசனைதான், பழைய கல்லறைத் தோட்டங்களின் ஓரங்கள் பல நாடுகளில் பயன்பட்டிருக்கின்றன. ஆனால் கடலோர மழையும் சோழவரத்து மழையும் ஒன்றல்ல. மழை மாறினால் படிவும் மாறும். ஆகவே வேண்டாம் என்றேன்.

கடைசியில் வழி காட்டியவர்கள் ஊர்ப் பெரியவர்கள். எண்பதை நெருங்கும் ஒரு பாட்டியிடம், "பாட்டி, உங்கள் சின்ன வயதிலிருந்து ஏர் ஓடாத இடம் எது?" என்று கேட்டேன். கொஞ்சமும் யோசிக்காமல் அம்மன் கோயில் திடலைக் காட்டினார். கோயில் நிர்வாகத்திடம் அனுமதி கேட்டு, மரநிழலை விட்டு விலகி வெட்டவெளியில் எடுத்தோம். மரத்தடி ஆகாது. இலைகள் மழையைத் தடுத்தும் தண்டு வழியே வடித்தும் படிவை ஏற்றத்தாழ்வாக்கிவிடும்.

பெரியவர்கள் சொன்னதை மண்ணிடமும் கேட்டு உறுதி செய்யுங்கள். ஓரிடத்து மண்ணை இரண்டு சென்டிமீட்டர் வில்லைகளாக வெட்டி ஒவ்வொன்றையும் தனித்தனியே அளந்தால், தொடாத நிலத்தில் சீசியம் மேலே அதிகமாகவும் கீழே போகப்போக விரைவாகக் குறைந்தும் இருக்கும். 15 சென்டிமீட்டர் வரை ஒரே சீராக இருந்தால் அங்கே என்றோ ஏர் ஓடியிருக்கிறது. மேலே ஒன்றுமில்லாமல் கீழே இருந்தால் எங்கள் பள்ளித் திடல் கதைதான். ஒப்பீட்டு நிலத்தில் குறைந்தது பத்துக் குழிகளாவது எடுங்கள். ஒரே திடலிலும் குழிக்குக் குழி எண் மாறும். ஒன்றை நம்பி முடிவுக்கு வர முடியாது.

வயலில் எடுக்கும்போது

அறுவடை முடிந்த மாசி, பங்குனி நல்ல காலம். கொல்லையின் உச்சியிலிருந்து கழனியின் தாழ்ந்த மூலை வரை, தண்ணீர் ஓடும் திசையிலேயே ஒரு கோடு போட்டு, இடைவெளி விட்டு எடுங்கள். நாங்கள் பயன்படுத்தியது 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள இரும்புக் குழாய். பட்டறையில் ஒரு முனையைக் கூராக்கிக் கொடுத்தார்கள். சம்மட்டியால் அடித்து இறக்கலாம். கொல்லையில் 30 சென்டிமீட்டர் போதும். கழனியின் தாழ்ந்த மூலையில் போதாது. வந்து படிந்த மண்ணுக்கு அடியிலும் சீசியம் இருக்கும் என்பதால் 60 வரை போக வேண்டும். அடி வில்லையில் சீசியம் இல்லை என்று தெரியும் வரை ஆழம் போதவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

உழவரோடு உட்கார்ந்து பேசாமல் குழாயை இறக்காதீர்கள். இரண்டு கேள்விகள் கட்டாயம். முதலாவது, ஏரி வண்டல் அடித்தீர்களா? தூர்வாரிய வண்டலை வயலில் போடுவது நம் பக்கத்துப் பழைய வழக்கம். வண்டலோடு சீசியமும் வந்துவிடும். மண் போன நிலமும் மண் சேர்ந்த நிலமாகத் தோன்றும். இரண்டாவது, செங்கல் சூளைக்கு மண் கொடுத்தீர்களா? செங்குன்றம், சோழவரம் பக்கம் சூளைகள் ஏராளம். ஓர் அடி மேல்மண்ணை விற்ற வயல், பல தலைமுறை மழை அரித்த வயலைப் போலவே எண்ணில் தெரியும். பலர் இதைச் சொல்லத் தயங்குவார்கள். குற்றம் சாட்டும் குரலில் கேட்காதீர்கள். அந்த ஆண்டின் கடனைப் பற்றிப் பேசினால் அவர்களே சொல்வார்கள்.

எண்ணூர், அத்திப்பட்டுப் பக்கம் போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. சீசியத்துக்குத் துணையாகக் காரீயம்-210 என்பதையும் இதே வேலைக்குப் பயன்படுத்துவார்கள். மண்ணிலிருந்து கசியும் ரேடான் வாயு காற்றில் சிதைந்து உருவாவது அது. இயற்கையானது, ஓயாமல் விழுந்துகொண்டிருப்பது, அரை ஆயுள் 22 ஆண்டுகள். ஆனால் அனல்மின் நிலையச் சாம்பலின் நுண்துகள்களில் அது செறிந்திருக்கும். சாம்பல் படியும் இடத்தில் காரீயம்-210ஐ மண்ணரிப்புக்குச் சாட்சியாக அழைக்காதீர்கள். அங்கே சீசியமே துணை. ஒரே ஒரு பருவமழை என்ன செய்தது என்று பார்க்க வேண்டுமானால் பெரிலியம்-7 என்ற இன்னொரு கதிரியக்கப் பொருள் இருக்கிறது. 53 நாள் அரை ஆயுள் கொண்டது. மேல்மண்ணின் ஓரிரு சென்டிமீட்டரைத் தாண்டி இறங்காது. மழைக்கு முன்பும் பின்பும் மேல்மண்ணை மெல்லச் சுரண்டி எடுத்து, தாமதிக்காமல் அளக்க வேண்டும்.

எண்ணுவது

மண்ணை நிழலில் உலர்த்தி, 105 டிகிரியில் சூடாக்கி, 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, எடை குறித்து, மூடிய டப்பாவில் அடைக்க வேண்டும். காரீயம்-210ம் பார்ப்பதாக இருந்தால் காற்றுப் புகாமல் மூடி ஒரு மாதம் வைத்திருந்து எண்ணுங்கள். டப்பாவுக்குள் ரேடான் சமநிலைக்கு வர அவ்வளவு நாள் தேவை.

பல கல்லூரிகளில் இருப்பது சோடியம் அயோடைடு கருவி. அது நம் மண்ணின் சீசியத்துக்குப் போதாது. ஒவ்வொரு கதிரியக்கப் பொருளும் தனக்கே உரிய ஆற்றலில் காமா கதிரை வீசும், கருவியின் வரைபடத்தில் அது ஒரு கோடாகத் தெரியும். சீசியத்தின் கோடு 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (ஆற்றலின் அலகு) என்ற இடத்தில் வரும். இயற்கையாகவே எல்லா மண்ணிலும் உள்ள பிஸ்மத்-214இன் கோடு 609இல் நிற்கிறது. அந்தக் கருவியில் இரண்டும் ஒன்றோடொன்று கலந்து, பலவீனமான சீசியம் மறைந்துபோகும். திரவ நைட்ரஜனில் குளிர்வித்த ஜெர்மானியம் கருவி உள்ள பல்கலைக்கழகத்தில் நேரம் கேட்டு வாங்குங்கள். ஒரு டப்பாவுக்கு முழுதாக ஒரு நாள், அதாவது 86,400 வினாடிகள் தேவைப்படும். சில நேரம் அதற்கும் மேல்.

காலி டப்பாவை வைத்து அதே அளவு நேரம் எண்ண மறக்காதீர்கள். ஒருமுறை எங்கள் காலி டப்பாவிலேயே 662இல் கோடு தெரிந்தது. அடுத்த அறை அலமாரியில் மாணவர் பயிற்சிக்கான சீசியம் கதிர்மூலம் இருந்தது! அதை வேறு தளத்துக்கு மாற்றச் சொல்லிவிட்டுப் பழைய அளவுகள் அனைத்தையும் மீண்டும் எண்ணினேன்.

கணக்கு எப்படி என்று ஒரு எடுத்துக்காட்டு. எண்கள் விளக்கத்துக்காக மட்டும். குழாயின் வாய்ப்பரப்பு 0.00785 சதுர மீட்டர். ஒப்பீட்டு நிலத்தில் ஒரு குழியின் உலர்மண் 3.3 கிலோ, அதில் கிலோவுக்கு 0.95 பெக்கெரல் சீசியம் (ஒரு பெக்கெரல் என்றால் வினாடிக்கு ஓர் அணு சிதைவது). பெருக்கி வாய்ப்பரப்பால் வகுத்தால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 400 பெக்கெரல். கொல்லையில் 300 வந்தால் நூற்றுக்கு 25 பங்கு போயிருக்கிறது. உழவு ஆழம் 15 சென்டிமீட்டர், மண்ணின் அடர்த்தி கன மீட்டருக்கு 1,400 கிலோ என்றால், ஒரு ஹெக்டேரின் உழவு அடுக்கு 2,100 டன். அதில் கால் பங்கு 525 டன். 1963 முதல் 2023 வரை 60 ஆண்டுகளுக்குப் பகிர்ந்தால், ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 8.75 டன்.

இது எளிய கணக்கு. மண் அரிக்க அரிக்க, ஏர் அடியிலுள்ள சீசியமற்ற மண்ணை மேலே புரட்டிக் கலக்கிறது. அதனால் உண்மை இழப்பு இதைவிடக் கூடுதலாக இருக்கலாம். மறுபுறம், மழை முதலில் கொண்டுபோவது சீசியம் செறிந்த நுண்மண்ணை. அது கணக்கை மிகைப்படுத்தும். இரண்டையும் திருத்தும் கணித மாதிரிகள் இருக்கின்றன. எளிய கணக்கைப் புரிந்துகொள்ளாமல் அவற்றுக்குப் போகாதீர்கள்.

தட்டுக்கு வருவது

மண் பற்றிப் பேசினால் கேட்பவர்களின் அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றே: "அப்படியானால் சாப்பிடலாமா?" அந்தக் கேள்வியை மதியுங்கள். பதில் சொல்லுமுன் ஒன்றை விளக்குங்கள். உணவை ஜெர்மானியம் கருவியில் வைத்தால் மிகப் பெரிதாகத் தெரியும் கோடு, இயற்கையான பொட்டாசியம்-40 உடையது, 1,461 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில். ஒரு கிராம் பொட்டாசியத்தில் ஏறத்தாழ 31 பெக்கெரல் எப்போதும் இருக்கிறது. வாழைப்பழத்திலும் கீரையிலும் நம் உடலிலும். அந்தக் கோட்டைக் காட்டி யாரையும் பயமுறுத்தக் கூடாது.

எடையைப் பச்சையாக இருக்கும்போதே குறியுங்கள், மக்கள் சாப்பிடுவது அந்த எடையில்தான். வீட்டில் எப்படிக் கழுவுவார்களோ அப்படியே கழுவுங்கள். உலர்த்திச் சாம்பலாக்கும்போது 450 டிகிரியைத் தாண்டினால் சீசியம் ஆவியாகித் தப்பிவிடும். கீரைச் சாம்பலில், மண்ணில் இயற்கையாகவே உள்ள தோரியத் தொடரின் கோடுகள் தெரிந்தால் செடி உறிஞ்சியதாக உடனே எழுதிவிடாதீர்கள். பெரும்பாலும் அது சரியாகக் கழுவாத மண்.

சீசியம் செடிக்குள் பொட்டாசியத்தின் வழியிலேயே நுழைகிறது. ஆகவே பயிரையும் அதே வேரடி மண்ணையும் ஒன்றாக எடுத்து, பயிரின் அளவை மண்ணின் அளவால் வகுத்துப் பாருங்கள். கொல்லைக் கடலையையும் தாழ்ந்த மூலை நெல்லையும் இப்படி ஒப்பிட்டால்தான், மேலிருந்து வந்து சேர்ந்த மண்ணால் உணவில் ஏதாவது மாறியதா என்பது தெரியும். மண்ணில் கூடினாலே சோற்றிலும் கூடும் என்று எழுதுவது தவறு. களி பற்றிக்கொண்டதை வேர் எளிதில் பிடுங்குவதில்லை.

மீனுக்கு வேறு கணக்கு. அங்கே பார்க்க வேண்டியது இயற்கையான பொலோனியம்-210. கடலுணவு வழியாக நமக்கு வரும் கதிரியக்கத்தில் பெரும்பங்கு அதுதான். ஆல்ஃபா கதிர் வீசுவதால் காமா கருவியில் தெரியாது, ஆல்ஃபா கருவி வேண்டும். இதைச் சாம்பலாக்கவே கூடாது, சூட்டில் பறந்துவிடும். அமிலத்தில் கரைக்க வேண்டும். மீனின் குடலிலும் ஈரலிலும் செறிந்திருப்பதால் சதையைத் தனியாக, உள்ளுறுப்பைத் தனியாக அளக்க வேண்டும். காசிமேட்டில் வாங்கிய வஞ்சிரத்துக்குச் சதை மட்டும் போதும். நெத்திலியையும் எண்ணூர் முகத்துவாரத்து மட்டியையும் குடல் நீக்காமலே சாப்பிடுபவர்கள் உண்டு. அவற்றை அப்படியே முழுதாகக் கரையுங்கள். மீன்காரம்மாவிடம் எந்த நாளில் பிடித்தது என்று கேட்டு டப்பாவின் மேலேயே எழுதிவிடுங்கள். பொலோனியத்தின் அரை ஆயுள் 138 நாள். பொங்கலுக்குப் பிடித்த நெத்திலியை வைகாசியில் கருவாடாக அளந்தால், மீனில் முதலில் இருந்த பொலோனியத்தில் பாதிதான் மிஞ்சியிருக்கும். கூடவே இருக்கும் காரீயம்-210 புதிதாகக் கொஞ்சம் பொலோனியத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். அதனால் கரைசலில் ஒரு பகுதியை எடுத்து வைத்து, ஆறு மாதம் கழித்து மறுபடி எண்ணுங்கள். அந்த இரண்டாவது எண்ணைக் கொண்டு முதல் எண்ணைத் திருத்தி, பிடித்த நாளுக்கான அளவாக எழுதுங்கள்.