வாஷிங் மெஷினில் தண்ணீர் வெளியேறாமல் நின்றால்

துவைத்து முடித்த பிறகும் டிரம்மில் தண்ணீர் தேங்கி நின்றால், அந்த மெஷின் தண்ணீரை எந்த வழியில் வெளியேற்றுகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். முன்பக்கம் கதவுள்ள ஃபிரண்ட் லோடு மெஷின், அடியில் உள்ள பம்பைக் கொண்டு தண்ணீரை மேலே தள்ளி வெளியேற்றும். இந்தியாவில் விற்பனையாகும் டாப் லோடு மெஷின்களில் பலவற்றில் பம்பே கிடையாது. வால்வு திறந்ததும் தண்ணீர் தன் எடையாலேயே வழிந்து போகும். ஆகவே அத்தகைய மெஷினின் குழாயைத் தரையோடு விடாமல் வாஷ்பேசினில் தூக்கிப் போட்டிருந்தால் தண்ணீர் நிற்கத்தான் செய்யும். மெக்கானிக்கை வரவழைத்துக் காசு கொடுத்துத் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி அல்ல அது. குழாய் தாழ்வாக இருந்தும், எங்கும் மடங்காதிருந்தும் தண்ணீர் போகவில்லை என்றால், வால்வில் துணியோ நூலோ சிக்கியிருக்கலாம், அல்லது வால்வை இழுக்கும் சிறிய மோட்டார் பழுதாகியிருக்கலாம்.

ஃபிரண்ட் லோடில் பெரும்பாலும் குற்றவாளி ஃபில்டர்தான். அதற்கு முன், 'ரின்ஸ் ஹோல்டு' என்ற வசதி தவறுதலாகத் தேர்வாகியிருக்கிறதா என்று பார்க்கவும். அதை அழுத்தியிருந்தால் மெஷின் தண்ணீரை வேண்டுமென்றே நிறுத்தி வைத்திருக்கும். பின்புறச் சுவருக்கும் மெஷினுக்கும் நடுவே குழாய் நசுங்கியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். வீட்டைக் கூட்டுவதற்காக மெஷினை நகர்த்திவிட்டு மீண்டும் தள்ளி வைத்த மறுநாளே இந்தச் சிக்கல் எழுந்தால், சந்தேகம் முதலில் குழாயின் மேல்தான் விழ வேண்டும்.

ஃபில்டரைத் திறக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தண்ணீர் வரும் குழாயை மூடவும். வெந்நீரில் துவைத்திருந்தால் உள்ளே இருப்பது ஆறும்வரை காத்திருக்க வேண்டும். மெஷினின் முன்பக்கத்தில், அடியில் ஓர் ஓரமாக உள்ள சிறிய மூடியைத் திறந்தால் ஃபில்டரின் தலை தெரியும். சில மெஷின்களில் அதன் பக்கத்திலேயே மெல்லிய ரப்பர் குழாய் ஒன்றும் இருக்கும். அக்குழாயின் அடைப்பானைக் கழற்றித் தாம்பாளம் போன்ற தட்டையான பாத்திரத்தில் தண்ணீரை வடிக்க வேண்டும். வாளி அந்த இடத்தில் நுழையாது. குழாய் இல்லாத மெஷினில், ஃபில்டரையே இடப்புறமாகச் சிறிது சிறிதாகத் திருப்பி, பாத்திரம் நிறைந்ததும் மீண்டும் இறுக்கி, கொட்டிவிட்டு வந்து தொடர வேண்டும். அவசரப்பட்டு ஒரே திருப்பில் கழற்றினால் தேங்கிய தண்ணீர் அத்தனையும் வீடெங்கும் ஓடும்.

ஃபில்டர் கைக்கு வந்ததும் அதில் சிக்கிய நூல், தலைமுடி, நாணயம், ஊக்கு ஆகியவற்றை எடுத்துவிட்டு, சோப்புப் பிசுக்கைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவவும். பிறகு டார்ச் அடித்து உள்ளே பார்த்தால் பம்பின் சிறிய இறக்கைச் சக்கரம் தெரியும். அதைக் குச்சியால் மெதுவாகத் திருப்பினால் விட்டுவிட்டுத் தடுக்கியபடி சுழலும். உள்ளே காந்தம் இருப்பதால் அப்படித்தான் இருக்கும், பழுதென்று எண்ண வேண்டாம். சிறிதும் அசையாமலிருந்தால் ஏதோ சிக்கியிருக்கிறது. காந்தத்தின் தடுக்கல் சற்றும் இல்லாமல் தளர்ந்து ஓடினால் சக்கரம் அச்சிலிருந்து உடைந்திருக்கக்கூடும்.

ஃபில்டரை நன்றாக இறுக்கிய பிறகு, பிளக்கை மாட்டி, துணியின்றி 'டிரைன்' அல்லது 'ஸ்பின்' மட்டும் ஓட்டிப் பார்க்கவும். உறுமல் கேட்டும் தண்ணீர் வரவில்லை என்றால், டிரம்மையும் பம்பையும் இணைக்கும் குழாயில் அடைப்பு இருக்கலாம். குழந்தைகளின் சாக்ஸ் அங்கே போய் அடைத்துக்கொள்வது உண்டு. சத்தமே எழவில்லை என்றால் பம்புக்கு மின்சாரம் வரவில்லை, அல்லது அதன் சுருள் எரிந்துவிட்டது. இந்த இரண்டையும் மீட்டர் வைத்துப் பார்க்கத் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே நல்லது.