கிளவுட் அக்கவுண்ட்டை முடக்கிவிட்டார்களா? அப்பீல் எழுதும் முன் இதைப் படியுங்கள்

"விதிமீறல் காரணமாக உங்கள் கணக்கு நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது" என்று மின்னஞ்சல் வந்ததும் பெரும்பாலானவர்கள் செய்யும் முதல் காரியம், அப்பீல் படிவத்தைத் திறந்து "நாங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை, பல வருடமாக நேர்மையாகத் தொழில் செய்கிறோம், தயவுசெய்து உடனே திறந்துவிடுங்கள்" என்று எழுதி அனுப்புவது. அது வேலைக்கு ஆகாது. அந்த அப்பீலைப் படிக்கிறவருக்குத் தெரிய வேண்டியது உங்கள் நேர்மை அல்ல. அந்த விதிமீறல் உங்கள் சர்வரிலிருந்து எப்படி நடந்தது, இப்போது நின்றுவிட்டதா, மறுபடி நடக்காமல் இருக்க என்ன செய்திருக்கிறீர்கள், இந்த மூன்றுதான் அவருக்கு வேண்டும். இதற்குப் பதில் சொல்லாத அப்பீல் எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் திரும்பி வந்துவிடும்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. மாட்டிக்கொள்ளும் சிறு நிறுவனங்களில் பல உண்மையிலேயே எதுவும் செய்திருக்காது. டெவலப்பர் ஒருவர் கோடோடு சேர்த்து அக்சஸ் கீயையும் (கணக்குக்குள் நுழைய உதவும் ரகசியக் குறியீடு) கோடு சேமிக்கும் தளமான கிட்ஹப்பில் ஏற்றிவிட்டிருப்பார், அதையே தேடிக்கொண்டிருக்கும் பாட்கள் (தானியங்கி நிரல்கள்) கொஞ்ச நேரத்திலேயே அதை எடுத்து, நீங்கள் பெயர்கூடக் கேள்விப்படாத ரீஜனில் (சர்வர்கள் இருக்கும் பகுதி) பெரிய பெரிய மெஷின்களை ஏற்றிக் கிரிப்டோ மைனிங் ஓட்டும். அல்லது அப்டேட் செய்யாத வேர்ட்பிரஸ் பிளகின் வழியாக யாரோ நுழைந்து, உங்கள் டொமைனுக்குள் ஒரு போலி வங்கி லாகின் பக்கத்தை வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். கிளவுட் கம்பெனியின் கண்காணிப்பு அமைப்புக்குத் தெரிவது விளைவு மட்டும்தான்: இந்தக் கணக்கிலிருந்து மைனிங் ஓடுகிறது, இந்த ஐபியில் ஃபிஷிங் பக்கம் இருக்கிறது. அதனால் "நாங்கள் செய்யவில்லை" என்பது உண்மையாகவே இருந்தாலும் அது பதில் ஆகாது.

எது முடங்கியிருக்கிறது?

வந்த மின்னஞ்சலில் உள்ள லிங்க்கை அழுத்தாதீர்கள். இதே வாசகத்தோடு பாஸ்வேர்டு திருடும் போலி மெயில்களும் சுற்றுகின்றன. பிரவுசரில் நீங்களே முகவரியை அடித்துக் கன்சோலுக்குள் (கணக்கை நிர்வகிக்கும் பக்கம்) போய், அங்கேயும் அதே அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம், எந்த அளவுக்கு நிறுத்தியிருக்கிறார்கள் என்று பாருங்கள், ஏனென்றால் வழி அதைப் பொறுத்துத்தான் மாறும். கூகுள் கிளவுட்டில் ஒரே ஒரு பிராஜக்ட்டை மட்டும் நிறுத்துவது உண்டு. அப்படியென்றால் கன்சோலிலேயே அப்பீல் பக்கம் இருக்கும், பிராஜக்ட்டின் ஓனர் உள்ளே போய் அனுப்பலாம். அமேசான் வெப் சர்வீசஸ் பெரும்பாலும் முதலில் ஒரு புகார் மெயில் அனுப்பும், 24 மணி நேரத்துக்குள் பதில் வராவிட்டால் சர்வரைத் தடுக்கவோ அக்கவுண்ட்டை நிறுத்தவோ செய்யலாம். அந்த மெயில் யாரும் திறக்காத ஏதோ பழைய முகவரிக்குப் போய்க்கொண்டிருந்திருக்கலாம், தேடிப் பாருங்கள். கூகுள் வொர்க்ஸ்பேஸில் (நிறுவனங்களுக்கான கூகுள் மெயில் சேவை) ஊழியர் ஒருவரின் மெயில்பாக்ஸ் மட்டும் நின்றிருந்தால், பல சமயம் அவர் நாளுக்கு 2,000 மெயில் என்ற வரம்பைத் தாண்டியிருப்பார், அல்லது அவர் பாஸ்வேர்டு திருடுபோயிருக்கும்; அதை உங்கள் அட்மினே கன்சோலில் பார்த்துச் சரிசெய்ய முடியும். மைக்ரோசாஃப்ட் 365-இலும் ஸ்பேம் அனுப்பியதாகத் தடுக்கப்பட்டவர்களின் பட்டியல் டிஃபெண்டர் போர்ட்டலில் தனியாக இருக்கிறது.

அமேசானின் எஸ்இஎஸ் வழியாக மொத்தமாக மெயில் அனுப்புகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. அங்கே கணக்கீடு வெளிப்படையானது: திரும்பி வரும் மெயில் 5 சதவீதத்தை எட்டினால் கண்காணிப்பில் வைப்பார்கள், 10 சதவீதம் ஆனால் அனுப்புவதையே நிறுத்தி வைக்கலாம். ஸ்பேம் புகார் என்றால் அந்த எல்லைகள் 0.1, 0.5 சதவீதம். காசு கொடுத்து வாங்கிய முகவரிப் பட்டியலுக்கு அனுப்பியிருந்தால் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டாம்.

இன்னொன்று, இது உண்மையிலேயே விதிமீறல் விவகாரமா, பணம் போகாத விவகாரமா? இந்தியக் கார்டுகளில் மாதாமாதம் தானாகப் போகும் கட்டணம் 15,000 ரூபாயைத் தாண்டினால் ஓடிபி போன்ற கூடுதல் சரிபார்ப்பு வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி, அதனாலேயே பில் போகாமல் நின்ற அக்கவுண்ட்கள் உண்டு. அப்படியென்றால் அப்பீலே தேவையில்லை, பணத்தைக் கட்டினால் போதும்.

இதற்கிடையில் தொழில் ஓட வேண்டும்

மொத்த வொர்க்ஸ்பேஸும் முடங்கிவிட்டால் வாடிக்கையாளர் அனுப்பும் மெயில்கள் வந்து சேராமல் திரும்பிப் போகும். டொமைன் வேறு ரெஜிஸ்ட்ராரிடம் (டொமைன் பெயரைப் பதிவு செய்யும் நிறுவனம்) இருந்தால் நீங்கள் தப்பித்தீர்கள்: அங்கே போய் எம்எக்ஸ் பதிவை (மெயில் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்வது) வேறொரு மெயில் சேவைக்கு மாற்றிவிடுங்கள், சில மணி நேரத்தில் புது மெயில்கள் அங்கே வர ஆரம்பிக்கும். பழைய மெயில்கள் வராது, ஆனால் ஆர்டர்கள் நிற்காது. ஜிஎஸ்டி தளம், வங்கி, ரெஜிஸ்ட்ரார் ஆகியவற்றின் ஓடிபி இந்த மெயிலுக்கே வருகிறதா என்றும் பாருங்கள், ஏனென்றால் எம்எக்ஸ் மாற்றியதும் அவையும் சேர்ந்து திரும்ப உயிர் பெறும். "கூகுள் வழியாக உள்ளே வா" என்ற பட்டனில் நுழைந்துகொண்டிருந்த மற்றச் சேவைகளுக்கு இந்த வழி நேரடியாக உதவாது, அங்கெல்லாம் பாஸ்வேர்டை மறந்துவிட்டதாகச் சொல்லி இதே முகவரிக்கு ரீசெட் லிங்க் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அவசரத்தில் புது அக்கவுண்ட் திறந்து அதே கார்டு, அதே டொமைன், அதே கோடு என்று ஏற்றிவிடாதீர்கள். தடையைச் சுற்றிக்கொண்டு போகிறீர்கள் என்றுதான் அதற்கு அர்த்தம், புதியதையும் மூடுவார்கள், பழைய அப்பீலும் பலவீனமாகிவிடும். சேவை நிறுவனத்தை மாற்றுவதென்றால் முழுமையாக வேறு நிறுவனத்துக்குப் போங்கள், அதுவும் ஓட்டையை அடைத்த பிறகு. கோபத்தில் பில் கட்டுவதையும் நிறுத்த வேண்டாம்: விதிமீறல் அப்பீல் ஜெயித்தாலும் பாக்கித் தொகைக்காக மூடியே இருக்கும்.

காரணத்தைக் கண்டுபிடிப்பது

நேரத்தை அதிகம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். உள்ளே போக இன்னும் வழியிருந்தால், சந்தேகப்படும் மெஷினை அழிக்காதீர்கள். நிறுத்துங்கள், டிஸ்க்கின் ஸ்னாப்ஷாட் எடுத்து வையுங்கள். அழித்துவிட்டால் சாட்சியும் அதோடு போய்விடும், அப்புறம் அப்பீலில் எழுத உங்களிடம் எதுவும் இருக்காது.

அமேசானில் கிளவுட்டிரெயில் என்ற லாக் (நடந்தவற்றின் பதிவு) கடைசி 90 நாள் நடந்ததைக் காசில்லாமலே காட்டும். மைக்ரோசாஃப்ட்டின் கிளவுட்டான அஜூரின் ஆக்டிவிட்டி லாகும் 90 நாள்தான். கூகுள் கிளவுட்டின் அட்மின் ஆடிட் லாக் 400 நாள் வரை இருக்கும். புகார் மெயிலில் இருக்கும் நேரத்திலிருந்து பின்னோக்கிப் போங்கள். அந்த நேரம் பெரும்பாலும் யுடிசியில் (உலகப் பொது நேரம்) இருக்கும், இந்திய நேரத்துக்கு 5 மணி 30 நிமிடம் கூட்ட வேண்டும், இதை மறந்து தவறான நேரத்தில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். யார் புது மெஷின் ஏற்றியது, எந்தக் கீயால், எந்த ஐபியிலிருந்து? நீங்கள் உருவாக்காத பயனர்கள் இருக்கிறார்களா? எல்லா ரீஜன்களையும் பாருங்கள், மும்பையை மட்டும் பார்த்துவிட்டு எதுவும் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. பில்லிங் அறிக்கையைச் சேவை வாரியாகவும் ரீஜன் வாரியாகவும் பிரித்துப் பார்த்தாலே பல சமயம் அது எங்கே என்று காட்டிக்கொடுத்துவிடும்.

முழுக்க வெளியே தள்ளப்பட்டிருந்தால் லாக் கிடைக்காது, ஆனால் வெளியில் இருக்கும் தடயங்கள் நிறைய. கிட்ஹப்பில் கோடின் பழைய கமிட்கள் (சேமித்த முந்தைய மாற்றங்கள்) வரை தேடுங்கள், ஏனென்றால் கீ இருந்த ஃபைலை அடுத்த கமிட்டில் அழித்திருந்தாலும் வரலாற்றில் அது அப்படியே இருக்கும். வெளியான கீயை அமேசானே கண்டுபிடித்து அந்தப் பயனர்மேல் "குவாரன்டைன்" என்று பெயருள்ள ஒரு பாலிசியை ஒட்டியிருக்கலாம், அதற்கான அறிவிப்பு மெயில் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபிஷிங் என்று சொல்லியிருந்தால் கூகுள் சர்ச் கன்சோலில் பாதுகாப்புப் பிரச்சினைகள் பகுதி எந்தப் பக்கம் என்று முகவரியோடு காட்டக்கூடும். வேலையை விட்டுப் போனவர்களின் கணக்குகள், ஃப்ரீலான்சருக்குக் கொடுத்துத் திரும்ப வாங்காத கீகள், இவற்றையும் விடாதீர்கள்.

ஹேக் ஆனது என்று உறுதியானால், இந்திய நிறுவனங்களுக்கு ஒரு சட்டக் கடமையும் இருக்கிறது: மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 தேதியிட்டு வெளியிட்ட உத்தரவுப்படி இப்படிப்பட்ட சம்பவங்களைத் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அதற்குத் தெரிவிக்க வேண்டும். செய்துவிடுங்கள். அனுப்பியதற்கான சான்று அப்பீலோடு இணைக்கவும் உதவும்.

அப்பீலை எழுதுவது

சரி, இப்போது எழுதலாம். ஆங்கிலத்திலேயே எழுதுங்கள், எளிமையாக. கன்சோலில் உரிமை உள்ள ஓனர் அல்லது சூப்பர் அட்மின்தான் அனுப்ப வேண்டும். ஒரே ஒரு அப்பீல், முழுமையாக. வடிவம் இப்படி இருக்கலாம்:

"எங்கள் பிராஜக்ட் எண் இது. கிரிப்டோ மைனிங் காரணமாக இந்தத் தேதியில் நிறுத்தப்பட்டதாக அறிவிப்பு வந்தது. நாங்கள் துணிக் கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் நடத்துகிறோம், மைனிங் எங்கள் தொழிலில் இல்லை. ஆராய்ந்ததில், எங்கள் ஊழியர் ஒருவர் பொதுவில் இருந்த ரெப்பாசிட்டரியில் சர்வீஸ் அக்கவுண்ட் கீயை ஏற்றியது தெரிந்தது. அந்தக் கீயைக் கொண்டு வெளியார் ஒருவர் இந்த ஐபியிலிருந்து, யுடிசி இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை, இந்த ரீஜனில் மெஷின்களை உருவாக்கியிருக்கிறார். அந்தக் கீயை நீக்கிவிட்டோம். மற்ற எல்லாக் கீகளையும் மாற்றிவிட்டோம். கணக்கு திறந்ததும் அந்த மெஷின்களை உடனே அழிப்போம். அனைவருக்கும் இரட்டைச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியிருக்கிறோம். கிட்ஹப்பில் கீ ஏற்றப்பட்டால் தடுக்கும் ஸ்கேனிங்கை இயக்கியிருக்கிறோம். லாக் நகல் இணைப்பில்."

இதில் கெஞ்சல் இல்லை, மிரட்டல் இல்லை, "எங்கள் ஊழியர்களின் குடும்பங்கள்" இல்லை. தொழிலுக்கு என்ன பாதிப்பு என்று ஒரு வரி சேர்க்கலாம், கடைசியில். செய்யாததைச் செய்ததாக எழுதாதீர்கள்: திறந்த பிறகு அதே கீயிலிருந்து மறுபடி மைனிங் ஓடினால் அடுத்த தடவை உங்கள் வார்த்தைக்கு மதிப்பு இருக்காது.

உண்மையிலேயே அவர்கள் தவறாகப் புரிந்துகொண்டிருக்கலாம், அதுவும் நடக்கிறது. பாதுகாப்புச் சோதனை செய்யும் நிறுவனத்தின் போர்ட் ஸ்கேனிங்கை (சர்வரில் எந்த வழிகள் திறந்திருக்கின்றன என்று தேடுவது)த் தாக்குதல் என்று நினைக்கலாம், ஊழியர் பயிற்சிக்காக வைத்த போலி லாகின் பக்கத்தை நிஜ ஃபிஷிங் என்று பிடிக்கலாம். அப்போது "இது தவறு" என்று எழுதினால் போதாது, வாடிக்கையாளர் கொடுத்த எழுத்துப்பூர்வ அனுமதி, சோதனை நடந்த தேதிகள், எந்த ஐபிகளுக்கு மட்டும் என்ற வரையறை, எல்லாவற்றையும் இணைத்து அனுப்புங்கள்.

பதில் வராவிட்டால், மறுத்துவிட்டால்

அதே கேஸ் எண்ணில் தொடருங்கள். புதுப் புது டிக்கெட்டாகப் போட்டால் ஒவ்வொன்றும் வேறு வேறு ஆளிடம் போய் முதலிலிருந்து ஆரம்பிக்கும். ரீசெல்லர் வழியாக வாங்கியிருந்தால் உடனே அவரைப் பிடியுங்கள், பார்ட்னர்களுக்கென்று தனி ஆதரவு வழி இருக்கும். அமேசானில் பணம் கட்டும் சப்போர்ட் பிளான் இல்லாவிட்டாலும் அக்கவுண்ட், பில்லிங் தொடர்பான கேஸ்களைத் திறக்கலாம். மறுத்திருந்தால், என்ன குறை என்று கேட்டு, புதுத் தகவல் கையில் இருக்கும்போது மட்டும் மறுபடி அனுப்புங்கள்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு படி உண்டு. 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி இடைநிலைச் சேவை நிறுவனங்கள் குறைதீர் அதிகாரியை வைத்திருக்க வேண்டும், புகாரை 24 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி 7 நாளில் (2026 பிப்ரவரிக்கு முன் 15 நாள்) முடிக்க வேண்டும். வெப் ஹோஸ்டிங் நிறுவனங்களும் சட்டத்தின் வரையறைக்குள் வருகின்றன. அந்த முடிவு திருப்தியில்லை என்றால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவிடம் ஆன்லைனிலேயே போகலாம். நுகர்வோர் நீதிமன்றத்தை நம்பி இருக்காதீர்கள், வணிக நோக்கத்துக்கு வாங்கிய சேவை அங்கே பொதுவாக எடுபடாது, சுயதொழிலில் பிழைப்பு நடத்துகிறவருக்கு மட்டும் விலக்கு உண்டு.

வழக்கு என்றால் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் தடையைத் தொடர்ந்து இந்திய எண்ணெய் நிறுவனமான நயாரா எனர்ஜிக்கு மைக்ரோசாஃப்ட் சேவையை நிறுத்தியது, அது விதிமீறல் விவகாரம் அல்ல, ஆனாலும் நயாரா டெல்லி உயர் நீதிமன்றம் போன சில நாளிலேயே சேவை திரும்ப வந்தது. 2021 ஜனவரியில் சமூக வலைத்தளமான பார்லர் நிறுவனத்தை அமேசான் நிறுத்தியபோதோ, உடனே திறக்க உத்தரவிட அமெரிக்க நீதிமன்றம் மறுத்துவிட்டது. வக்கீலைப் பார்க்கும் முன் உங்கள் இன்வாய்ஸில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள், கூகுள் கிளவுட் இந்தியா, அமேசான் வெப் சர்வீசஸ் இந்தியா போன்ற இந்தியக் கம்பெனியா, வெளிநாட்டுக் கம்பெனியா என்பதைப் பொறுத்து நோட்டீஸ் போகும் இடம் மாறும்.

எல்லாம் முடிந்து "இல்லை" என்பதே இறுதிப் பதில் என்றாலும் ஒன்றை விடாமல் கேளுங்கள்: டேட்டாவை எடுத்துக்கொள்ள மட்டும் குறுகிய கால அனுமதி. இதை எழுத்தில், சீக்கிரமாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் நிறுத்தப்பட்ட கணக்கின் டேட்டா எப்போதும் அங்கே இருக்காது. அமேசானில் மூடிய அக்கவுண்ட்டுக்கு 90 நாள் கழித்து வழியில்லை, அஜூரில் 30 முதல் 90 நாளில் டேட்டா அழிந்துபோகும்.

திறந்துவிட்டார்கள் என்றால் அன்றைக்கே செய்ய வேண்டியவை: மைனிங் மெஷின்களை அழிப்பது, உங்களுக்குத் தேவையில்லாத ரீஜன்களின் கோட்டாவை, அதாவது பயன்பாட்டு உச்சவரம்பைக் குறைப்பது, பட்ஜெட் எச்சரிக்கை வைப்பது (கூகுள் கிளவுட்டில் அது எச்சரிக்கும், செலவை நிறுத்தாது), அட்மின் தொடர்பு முகவரியாக உங்கள் சொந்த டொமைனுக்கு வெளியே உள்ள ஒரு மெயிலைச் சேர்ப்பது. அந்த வாரத்துக்குள் வேறொரு நிறுவனத்தில், வேறொரு கார்டில், வேறொரு லாகினில் ஒரு பேக்கப். 2024 மே மாதம் ஆஸ்திரேலிய ஓய்வூதிய நிதியான யூனிசூப்பரின் பிரைவேட் கிளவுட்டைக் கூகுளின் பக்கத்தில் நடந்த தவறு ஒன்று முழுவதுமாக அழித்துவிட்டது, வேறு நிறுவனத்தில் வைத்திருந்த பேக்கப்பும் அவர்கள் மீண்டுவர உதவியது. அந்தப் பேக்கப்பை எடுத்து வைத்தால் மட்டும் போதாது, ஒரு தடவை புது சர்வரில் ஏற்றி ஓடுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.