பிள்ளை பார்க்கும் ஆயாவுக்குத் தொற்றுநோய் வந்தால்

கோலாலம்பூரின் செந்தூலில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இளையவனுக்குப் பால் கலக்கிக்கொண்டிருந்த ஆயா தோளில் கிடந்த துண்டைக் கழுத்தோரம் இழுத்துவிட்டுக்கொண்டே இருந்தார். புழுக்கம் தாங்காமல் ஒருமுறை அதை எடுத்து முகம் துடைத்தபோதுதான், காதுக்குக் கீழே நீர் கோத்த இரண்டு கொப்புளங்கள் என் கண்ணில் பட்டன. ஞாயிற்றுக்கிழமையே உடம்பு காந்தியதாகவும், சொன்னால் சம்பளத்தில் பிடித்துவிடுவோமோ, வேறு ஆள் பார்த்துவிடுவோமோ என்று பயந்து பெனடோல் போட்டுச் சமாளித்ததாகவும் பிறகு சொன்னார். சின்னம்மை, கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாளுக்கு முன்பே பரவத் தொடங்கிவிடும். அந்த இரண்டு நாளும் பிள்ளைகள் அவர் மடியிலேயே கிடந்தார்கள். அவர் மறைத்ததில் எங்களுக்கும் பங்குண்டு, ஏனென்றால் நோய் வந்தால் என்ன செய்வோம் என்று நாங்கள் அவரிடம் ஒருநாளும் பேசியதில்லை.

ஆகவே முதல் வேலை, நோய் வருவதற்கு முன்பே முடித்திருக்க வேண்டிய வேலை. மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் சம்பளத்துடன் கூடிய நோய் விடுப்பு குறித்த பகுதி வீட்டுப் பணியாளர்களுக்குப் பொருந்தாது. 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம் அவர்களைக் குறிக்கும் சொல்லை மாற்றியதே தவிர இந்த விலக்கை நீக்கவில்லை. எனவே அலுவலகத்தில் நமக்கு எம்.சி. (மருத்துவச் சான்று) காட்டினால் கிடைப்பது ஆயாவுக்குத் தானாகக் கிடைக்காது என்பதால், நாமாகத்தான் எழுதித் தர வேண்டும். தொற்றுநோயென்று மருத்துவர் எழுதித் தந்தால் அத்தனை நாளும் முழுச் சம்பளம், மருத்துவச் செலவு நம் பொறுப்பு, சொன்னதற்காக வேலை போகாது என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுவது ஐந்து நிமிட வேலை. காய்ச்சல் தொடங்கிய மணியிலேயே ஆயா வாய்திறந்து சொல்வதற்கு ஈடாக எந்தக் கிருமிநாசினியும் கிடையாது.

அவர் சொன்னதும், பிள்ளையை வேறொருவர் கையில் மாற்றிக்கொண்டு, ஆயாவுக்கு முகக்கவசம் கொடுத்து, சன்னல் திறந்த அறையில் உட்காரவைத்து, கிளினிக்குக்குத் தொலைபேசியில் விவரம் சொல்லிவிட்டுப் புறப்பட வேண்டும். கொப்புளமோ செம்புள்ளியோ இருப்பதை முன்கூட்டியே சொன்னால், கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் நிறைந்த காத்திருக்கும் கூடத்தில் உட்காரவைக்காமல் தனியாகப் பார்ப்பார்கள். இருமலும் காய்ச்சலும் மட்டும் இருந்தால், கோவிட், இன்ஃபுளுவென்சா இரண்டையும் ஒரே முறையில் பார்க்கும் சோதனைக் கருவிகள் மருந்தகங்களிலேயே கிடைக்கின்றன. ஆனால் கோலாலம்பூரில் காய்ச்சல் என்றால் டிங்கியை ஒதுக்கிவிட்டு யோசிக்கவே கூடாது. டிங்கி ஆளிடமிருந்து ஆளுக்கு நேராகத் தொற்றுவதில்லை. அதற்கு வேண்டியது தனியறையைவிடக் கொசுவலை, ஏனென்றால் நோயாளியைக் கடித்த ஏடிஸ் கொசுதான் அதை அடுத்தவருக்குக் கொண்டுபோகும். முதல் சில நாட்களில் எடுக்கும் இரத்தச் சோதனை அதைக் காட்டிக்கொடுக்கும். டிங்கி இல்லையென்று தெரியும்வரை இபுப்ரோஃபென், ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகள் இரத்தக் கசிவைக் கூட்டக்கூடும் என்பதால், பாராசிட்டமோலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

நோயின் பெயர் தெரிந்த பிறகுதான் நாட்களை எண்ண முடியும். இன்ஃபுளுவென்சா தொற்றிய ஒன்று முதல் நான்கு நாளுக்குள் வெளிப்பட்டுவிடும். மருந்தில்லாமலே காய்ச்சல் விட்டு 24 மணி நேரமாவது ஆகும்வரை பிள்ளையிடமிருந்து விலகியிருப்பது நல்லது. கை, கால், வாய்ப்புண் நோய் பெரும்பாலும் மூன்று முதல் ஆறு நாளில் தெரியும். பெரியவர்களுக்கு அறிகுறியே இல்லாமலும் போகலாம். தட்டம்மையில் செம்புள்ளி தோன்றுவதற்கு நான்கு நாள் முன்பிருந்து நான்கு நாள் பின்வரை ஆபத்து. நோயாளி அறையைவிட்டுப் போனபின்னும் இரண்டு மணி நேரம் வரை அந்தக் காற்றில் கிருமி நிற்கும். காசநோய் முற்றிலும் வேறு கணக்கு. இரண்டு வாரத்துக்கும் மேல் நீடிக்கும் இருமலை யாரும் வெயில், பனி என்று தட்டிக்கழிக்கக் கூடாது; உறுதியானால், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளைச் சுகாதாரக் கிளினிக்கில் சோதிக்க அழைத்துப்போவதும், ஆயாவை ஊருக்கு விரட்டாமல் சிகிச்சையைத் தொடங்கவைப்பதும்தான் வேலை.

சின்னம்மைக்குத்தான் எண்ணிக்கை நீளம். தொற்றியவருக்குப் பத்து முதல் இருபத்தொரு நாளுக்குள் வரும் என்பதால், கடைசியாக ஆயாவோடு இருந்த நாளிலிருந்து இருபத்தொரு நாளை மளிகைக் கடைக்காரர் கொடுத்த நாள்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்தோம். ஒரே வீட்டில் எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் வரை இது பிடிக்கும். வெப்ப நாடுகளில் இந்நோய் சற்று முதிர்ந்த வயதிலும் வருவது வழக்கம். பெரியவர்களுக்கு அது கடுமையாகவும் இருக்கும், நுரையீரலில் அழற்சி ஏற்படுத்தவும் கூடும். இங்கேதான் நம் வீட்டுப் பழக்கம் ஒன்றைத் தெளிவாகப் பேச வேண்டியிருக்கிறது. வாசலில் வேப்பிலை கட்டுவதும், வந்தவர்களை வாசலோடு அனுப்புவதும், நோயாளியைத் தனியே படுக்கவைப்பதும் நம் முன்னோர் கண்ட தனிமைப்படுத்தல்தான்; அதைக் கைவிடச் சொல்லும் மருத்துவரை நான் பார்த்ததில்லை. கொப்புளங்கள் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டிய பிறகு தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வழக்கமும், தொற்று முடிந்துவிட்டது என்று மருத்துவம் கணக்கிடும் நாளோடு ஏறத்தாழ ஒத்துப்போகிறது. ஆனால் ‘அம்மைக்கு மருந்து கொடுக்கக் கூடாது’ என்பதை மட்டும் ஏற்க வேண்டாம். பெரியவர்களுக்கு அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரை கொப்புளம் தோன்றிய 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். எங்கள் ஆயாவிடம் இதைச் சொன்னபோது, மாத்திரையை ஒரு கையிலும் மஞ்சள் தடவிய வேப்பிலைக் கொத்தை மறு கையிலும் வாங்கிக்கொண்டார். இரண்டையும் நாங்கள் தடுக்கவில்லை.

அடுத்து எந்த அறை என்ற கேள்வி, இதில்தான் பெரும்பாலான வீடுகள் தவறு செய்கின்றன. நம் அடுக்குமாடி வீடுகளில் பணியாளருக்கென்று ஒதுக்கியிருப்பது அடுக்களைக்குப் பக்கத்தில், சன்னலே இல்லாத அல்லது துணி காயப்போடும் இடத்தைப் பார்த்த ஒரு சின்ன அறை. நோய் வந்ததும் அங்கேயே கதவைச் சாத்திப் படுக்கவைத்தால், சமைக்கிற இடத்தின் வழியாகத்தான் அவர் ஒவ்வொரு முறையும் வெளியே வர வேண்டும், அறைக்குள் காற்றும் மாறாது. ஆகவே குளியலறை இணைந்த, வெளிச் சுவரில் சன்னல் உள்ள மாஸ்டர் அறையை ஆயாவுக்குக் கொடுத்துவிட்டு நாம் கூடத்தில் பாய் விரித்துக்கொள்வதே சரி. மாமியாருக்கு இது முதலில் பிடிக்கவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. பத்தே நாள் என்று சொல்லித்தான் சம்மதிக்கவைத்தோம். குளிரூட்டி (ஏர்கான்) அறைக்குள் இருக்கும் காற்றையே சுழற்றும், வெளிக்காற்றைக் கொண்டுவராது என்பதால் அதை அணைத்துவிட்டு, நிற்கும் காற்றாடி ஒன்றைச் சன்னலுக்கு முதுகு காட்டாமல், சன்னலைப் பார்த்தவாறு வைத்து ஓடவிடுங்கள். அறைக் காற்று கூடத்துக்கு வராமல் வெளியே தள்ளப்படும். கதவின் அடி இடைவெளியில் பழைய துண்டொன்றைச் சுருட்டி வைத்தால் போதும்.

சாப்பாட்டுக்கு அறை வாசலில் ஒரு முக்காலி. தட்டும் தம்ளரும் அவருக்கென்று தனியாக இருக்கட்டும். அவற்றை வழக்கமான சவர்க்காரத்தோடு வெந்நீரில் கழுவினால் கிருமி போய்விடும், தூக்கியெறிய வேண்டியதில்லை. கஞ்சி, இரசம், இளநீர், எது பிடிக்குமோ அது. வாயில் புண் இருந்தால் காரமும் புளியும் வேண்டாம். நம்மை அழைக்க ஒரு கைமணியோ கைப்பேசியோ அவர் பக்கத்தில் இருக்கட்டும். நாளுக்கு இருமுறை காய்ச்சலையும், மூச்சு எப்படியிருக்கிறது என்பதையும் கேட்டு எழுதிவையுங்கள். பேசும்போது திணறினாலோ, எழுப்பினால் தெளிவாக விழிக்காமல் மயங்கினாலோ, ஒன்றும் வயிற்றில் நிற்காவிட்டாலோ, தாமதிக்காமல் 999க்கு அழைக்க வேண்டும்.

துப்புரவில் நோய்க்கு நோய் வேறுபாடு உண்டு. கைகளில் தேய்க்கும் சாராயத் திரவம் இன்ஃபுளுவென்சா, கோவிட் கிருமிகளை ஒழிக்கும்; ஆனால் கை, கால், வாய்ப்புண் நோயை உண்டாக்கும் எண்டெரோவைரஸ்களிடமும் வாந்தி, பேதி உண்டாக்கும் நோரோவைரஸிடமும் அது அவ்வளவாக எடுபடாது. அவற்றுக்குச் சவர்க்காரமும் ஓடும் நீரும்தான். தரை, கதவுப்பிடி, கழிவறை, பிளாஸ்டிக் விளையாட்டுப் பொருள் ஆகியவற்றுக்கு வெளுப்பு நீர்: 5 விழுக்காட்டுக் குளோராக்ஸில் 20 மில்லிலிட்டர் எடுத்து 1 லிட்டர் நீரில் கலந்து, துடைத்த பின் பத்து நிமிடம் ஈரமாகவே விட்டுப் பிறகு நல்ல நீரால் துடையுங்கள். கழிவறைக் கிண்ணம் கழுவும் அமிலத்தோடு இதை ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு கிளம்பும். கை, கால், வாய்ப்புண் நோயில் கிருமி மலத்தில் பல வாரம் வரை வெளியேறிக்கொண்டிருக்கும். ஆகவே ஆயா எழுந்து நடமாடத் தொடங்கிய பின்னும், பிள்ளையின் அரையாடையை (டயப்பர்) மாற்றியதும் கைகழுவும் வழக்கம் நீடிக்க வேண்டும்.

இனிப் பிள்ளைகள். தடுப்பூசி அட்டையை எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். மலேசியாவில் தட்டம்மைக்கான எம்.எம்.ஆர். ஊசி ஒன்பதாம், பன்னிரண்டாம் மாதங்களில் போடப்படுகிறது; தொற்று நேர்ந்த 72 மணி நேரத்துக்குள் போட்டால் நோயைத் தடுக்கவும் வாய்ப்புண்டு. சின்னம்மை ஊசி தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இல்லாததால் தனியார் கிளினிக்கில் காசு கொடுத்துப் போட வேண்டியது. தொடர்பு ஏற்பட்ட மூன்று நாளுக்குள், அதிகபட்சம் ஐந்து நாளுக்குள் போட்டாலும் பயன் தரும், ஆனால் ஒரு வயதுக்குட்பட்டவர்களுக்குப் பொருந்தாது. நாங்கள் மறுநாளே மூத்தவளுக்கு அதைப் போட்டோம். பத்து மாதமான இளையவனுக்கு முடியவில்லை, பதினைந்தாம் நாள் அவன் வயிற்றில் முதல் கொப்புளம் தெரிந்தது. அம்மையோ இன்ஃபுளுவென்சாவோ வந்த பிள்ளைக்கு ஆஸ்பிரின் ஒருபோதும் கொடுக்கக் கூடாது, ஈரலையும் மூளையையும் தாக்கும் ரேய் நோய்க்கு அது வழிவிடும். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 பாகை காய்ச்சல் என்றால் எந்தக் காரணமும் தேடாமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். கை, கால், வாய்ப்புண் வந்த பிள்ளை திடீரென்று துடித்துத் துடித்து விழித்தாலோ, நடை தள்ளாடினாலோ, அதே விரைவு வேண்டும். வீட்டில் கர்ப்பிணி இருந்து அவருக்குச் சின்னம்மை வந்ததாக நினைவில்லையென்றால், அன்றே அவருடைய மருத்துவரைக் கேளுங்கள்.

ஆயா படுத்ததும் எல்லார் மனத்திலும் முதலில் தோன்றுவது ‘பாட்டியை வரவழை’ என்பது. இன்ஃபுளுவென்சாவாகவோ கோவிடாகவோ இருந்தால் அது நோய்க்கு வாசல் திறந்துவிடுவதாகும். கணவனும் மனைவியும் விடுப்பைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்வதே நடைமுறை வழி. நெகிழ்வான வேலை ஏற்பாட்டுக்கு எழுத்துமூலம் விண்ணப்பிக்கச் சட்டத்தில் இடமுண்டு என்றாலும், முதலாளி பதில் சொல்ல 60 நாள் அவகாசம் இருப்பதால், அது இந்த வாரத்துக்கு உதவாது. பாட்டி வந்தே ஆக வேண்டுமென்றால், ஆயாவின் அறைப்பக்கம் போகாமல் பிள்ளையை மட்டும் பார்க்கட்டும்.

தாடிக்கா (பாலர் பள்ளி) ஆசிரியையிடமும், அந்த வாரம் வீட்டுக்கு வந்து விளையாடிய பிள்ளைகளின் பெற்றோரிடமும் நோயின் பெயரையும் தொடர்பு நாளையும் சொல்லுங்கள். ஆயாவின் பெயரை அடுக்குமாடி வாட்ஸ்ஆப் குழுவில் போடத் தேவையில்லை. போட்டால், அடுத்த வாரம் அவர் மின்தூக்கியில் ஏறும்போது எல்லாரும் இறங்கிவிடுவார்கள்.

ஆயா இந்தோனேசியாவிலிருந்தோ வேறு நாட்டிலிருந்தோ வந்தவரென்றால் இன்னும் இரண்டு விஷயங்கள். கிளினிக்கில் பதிவதற்குக் கடப்பிதழ் கேட்பார்கள். அது அவர் கையில்தான் இருக்க வேண்டும், முதலாளி பூட்டிவைப்பது 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். குடிமக்களுக்கு 1 ரிங்கிட்டில் முடியும் அரசாங்கக் கிளினிக் பார்வை அவருக்கு அந்தக் கட்டணத்தில் கிடைக்காது, மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் தொகை பல மடங்காகும்; பணமும் காப்பீட்டு ஆவணமும் முன்பே தயாராக இருக்கட்டும்.

மருத்துவர் சரி என்று சொன்னதும், மெத்தையை வெயிலில் காயவைத்து, அறையைத் துடைத்து, முதல் ஒரு வாரம் பிள்ளையைத் தூக்கும் வேலையைக் குறைத்துக்கொடுங்கள். காய்ச்சலில் இளைத்த உடம்பு பதினைந்து கிலோ குழந்தையைத் தூக்கத் திணறும். எங்கள் வீட்டு நாள்காட்டியில் சிவப்பு வட்டம் முடிந்த மறுநாள், ஆயா இளையவனைக் கட்டிலின் ஓரத்தில் உட்காரவைத்து, எஞ்சிய பொருக்குகளை விரலால் எண்ணிக்கொண்டிருந்தார். ஏழு இருந்தன, எல்லாம் காய்ந்திருந்தன.