குடல் கட்டி எடுத்தாச்சு, அடுத்த கமரா எப்போது?

"சீ.ஈ.ஏ. நோர்மல், ஸ்கானும் நல்லம், பிறகேன் கமரா?" பெருங்குடல் புற்றுக்குச் சத்திரசிகிச்சை முடிந்தவர்கள் இப்படிக் கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் சீ.ஈ.ஏ. எனும் இரத்தப் பரிசோதனையும் ஸ்கானும் முக்கியமாகத் தேடுவது பழைய நோய் திரும்பியதா என்பதை. மிச்சக் குடலில் நெல்லுமணி அளவில் முளைக்கும் பொலிப் (சதைமுளை) இரத்தத்தில் தெரியாது, ஸ்கானில் பிடிபடுவதும் அரிது. கொலனோஸ்கோபியில், அதாவது மலவாயால் விடும் கமராவில், அதைக் கண்டால் அப்போதே அறுத்தெடுக்கலாம். விட்டால் புற்றாகலாம். முதல் சில ஆண்டுகளில் நூற்றில் இரண்டு மூன்று பேருக்குப் புதுப் புற்று வருகிறது. அதில் ஒரு பங்கு முதற் கமராவில் தவறியவை.

ஆகவே முதலில் பழைய அறிக்கையைப் பாருங்கள். கமரா சிறுகுடல் வந்து சேரும் மூலை வரை போனதா? கட்டி அடைத்து மேற்பக்கம் பார்க்கப்படவில்லை என்றால், சத்திரசிகிச்சை முடிந்து 3 முதல் 6 மாதத்துக்குள் முழுவதும் பார்க்க வேண்டும். முழுதாகப் பார்த்திருந்தால் 1 ஆண்டில் ஒன்று, அதிலிருந்து 3 ஆண்டில் அடுத்தது, பிறகு 5 ஆண்டுக்கொன்று. பொலிப் கண்டால் இடைவெளி சுருங்கும். குடல் புற்றை வரவைக்கும் லிஞ்ச் எனும் பரம்பரை நோய் உள்ளவர்களுக்கு 1 முதல் 2 ஆண்டுக்கொரு தடவை. அவர்களின் சகோதரங்களும் பிள்ளைகளும் வைத்தியரோடு கதைக்க வேண்டும். வயிற்றில் மலப்பை வைத்தவர்களுக்கு, பை பொருத்திய அந்தக் குடல்வாயாலேயே கமரா விடுவார்கள்.

பலருக்குப் பிழைப்பது குடல் கழுவும் இடத்தில். மூன்று நாள் முன்பிருந்தே ஒடியல் கூழ், பனங்கிழங்கு, குரக்கன் பிட்டு, கீரை, கொய்யா வேண்டாம். நாரும் விதையும் கமராவின் உறிஞ்சுகுழாயை அடைக்கும். இரும்புச்சத்துக் குளிசையை ஒரு கிழமை முன்பே நிறுத்தக் கேளுங்கள், அது மலத்தைக் கறுப்பாய் ஒட்டவைக்கும். சீனிக் குளிசை, இன்சுலின், இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். முதல்நாள் வெள்ளைப் பாண், வெள்ளைமா இடியப்பம். பின்னேரத்திலிருந்து வெறுந்தேத்தண்ணி, இளநீர் (சிறுநீரகக் கோளாறு இருந்தால் இளநீர் வேண்டாம்). சிவப்புச் சோடா இரத்தம்போலத் தெரியும்.

பேதிக் கரைசல் 4 லீற்றர் தந்தால் இரவு பாதி, மறுநாள் பாதி. இரண்டாம் பாதியைப் பரிசோதனைக்கு 4 முதல் 6 மணித்தியாலம் முன் தொடங்கி, 2 மணித்தியாலம் முன் முடிக்க வேண்டும். நித்திரைக்காக முழுவதையும் இரவே குடித்தால், விடியும்போது வலப்பக்கக் குடலில் பித்தமும் சளியும் படிந்து தட்டையான பொலிப்பை மூடிவிடும். கடைசியில் கட்டியில்லாத தெளிந்த மஞ்சள் நீர் போகவேண்டும். இன்னும் கலங்கலாய்ப் போனால் மேசையில் ஏறுமுன் தாதியிடம் சொல்லுங்கள்.

அறிக்கையில் 'குடல் சுத்தம் போதாது' என்றிருந்தால் 3 ஆண்டுக் கணக்கு செல்லாது; ஒரு ஆண்டுக்குள் திரும்பச் செய்யத் திகதி கேளுங்கள். இடையில் இரத்தம் போனாலோ மலப்போக்கு மாறினாலோ திகதிக்காகக் காத்திருக்க வேண்டாம்.