கோடையில் சொராரிட்டி சாப்டர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மே மாதம் கடைசித் தேர்வு முடிந்ததும் அமெரிக்கக் கல்லூரி வளாகம் இரண்டே நாளில் காலியாகிவிடும். மாணவியர் சங்கமான சொராரிட்டியின் வீட்டு வாசலில் பெட்டிகளும் மெத்தைகளும் கிடக்கும், பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த அப்பாக்களின் வண்டிகள் வரிசையாக நிற்கும். அந்த அவசரத்திலும் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் கோடை அட்டவணையைக் குழுவில் போட்டுவிடுவார். ஏரிக்கரைப் பிக்னிக், கார் வாஷ், ஃபுட் பேங்கில் (இல்லாதவர்களுக்கு உணவு சேர்த்துக் கொடுக்கும் அமைப்பு) வேலை, ரத்த தான முகாம், திரைப்பட இரவு, பாட்லக் (ஆளுக்கு ஒரு பதார்த்தம் கொண்டுவரும் விருந்து), இன்னும் நாலைந்து. ஆகஸ்டில் எல்லாரும் திரும்பி வந்து கணக்குப் பார்த்தால் அதில் பாதி நடந்திருக்காது. நடந்தவற்றிலும் நான்கைந்து பேருக்கு மேல் வந்திருக்க மாட்டார்கள்.

நான் டெக்சாஸில் படித்தபோது ஒரு சாப்டரில் இருந்தேன். இப்போது இன்னொரு சாப்டருக்கு ஆலோசகராக இருக்கிறேன். நம் தமிழ்க் குடும்பத்துப் பெண்களும் இதில் சேர்கிறார்கள். அவர்களுடைய அம்மாக்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "அது பார்ட்டி கும்பல்தானே?" என்பது. அதனால் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். சொராரிட்டி என்பது கிரேக்க எழுத்துகளைப் பெயராக வைத்துக்கொண்ட மாணவியர் சங்கம். ஒவ்வொரு கல்லூரியிலும் உள்ள கிளைக்குப் பெயர் சாப்டர். தேசிய பான்ஹெலனிக் மாநாடு என்ற கூட்டமைப்பில் 26 சொராரிட்டிகள் இருக்கின்றன. கறுப்பினப் பெண்கள் தொடங்கிய நான்கு சொராரிட்டிகள் அதற்கு வெளியே தனி மரபு. அவற்றில் மூத்தது 1908-இல் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா. சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் ஹோவர்டில் படிக்கும்போது சேர்ந்தது அதில்தான். தெற்காசியப் பெண்களை மனதில் வைத்து 1998-இல் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது டெல்டா ஃபை ஒமேகா. கொண்டாட்டம் இவற்றில் எல்லாம் உண்டு. சேவையும் உண்டு. கோடையில் இரண்டும் எங்கே தடுமாறுகின்றன என்பதைத்தான் எழுத வந்தேன்.

யாரையும் கேட்காமல் கிளம்புவது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இது. ஊருக்கு என்ன வேண்டும் என்று கேட்காமல், நமக்கு எது சுலபம், எது படத்தில் நன்றாக வரும் என்று பார்த்துச் சேவையைத் தீர்மானிப்பது.

ஆல்ஃபா காப்பா ஆல்ஃபாவின் வரலாற்றிலிருந்தே இதற்கு ஒரு பாடம் எடுக்கலாம். 1934 கோடையில் அதன் தேசியத் தலைவர் ஐடா ஜாக்சன் மிசிசிப்பி மாநிலத்தின் ஹோம்ஸ் கவுன்ட்டியில் கிராமப்புற ஆசிரியர்களுக்கு ஒரு கோடைப் பள்ளி நடத்தினார். நல்ல நோக்கம், நல்ல ஏற்பாடு. ஆனால் அங்கே போய்ப் பார்த்தபோதுதான் மக்களின் உடல்நிலை எவ்வளவு மோசமாக இருக்கிறது என்று தெரிந்தது. படிப்புக்கு முன்னால் மருத்துவம் வேண்டியிருந்தது. அடுத்த கோடையில், 1935-இல், டாக்டர் டாரதி ஃபெரெபி தலைமையில் மருத்துவக் குழு ஒன்று அங்கே போனது. சில இடங்களில் முகாம் அமைத்து மக்களை வரவழைப்பதுதான் திட்டம். ஆனால் தோட்ட முதலாளிகள் கூலியாட்களை வெளியே விடத் தயங்கினார்கள். சரி, அவர்கள் வர முடியாவிட்டால் நாம் போவோம் என்று அந்தப் பெண்கள் மருந்துகளைத் தங்கள் கார்களில் ஏற்றிக்கொண்டு பருத்தித் தோட்டங்களுக்கே போனார்கள். பெரியம்மைக்கும் தொண்டை அடைப்பானுக்கும் ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள். 1940-களின் தொடக்கம் வரை கோடைதோறும் அந்த வேலை நடந்தது.

இரண்டு வருடத்துக்குள் இரண்டு முறை தங்கள் திட்டத்தையே மாற்றிக்கொண்டார்கள். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்தது அதுதான்.

இப்போது நம் சாப்டர்களுக்கு வருவோம். கோடையில் ஃபுட் பேங்கிற்கு டப்பா உணவு சேகரிக்கிறோம். யார் வீட்டு அலமாரியிலோ மிஞ்சிய பட்டாணி டப்பாக்கள் பெட்டி பெட்டியாகப் போகும். அதைப் பிரித்து, தேதி பார்த்து, வகைப்படுத்த அங்கே ஆள் வேண்டும். ஃபுட் பேங்குகள் மொத்தமாக வாங்குவதால் நாம் கடையில் செலவழிக்கும் அதே பணத்துக்கு அவர்களால் பல மடங்கு உணவு வாங்க முடியும். பணமாகக் கொடுங்கள், அல்லது பிரிக்கிற வேலைக்கு ஆளாகப் போங்கள்.

அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. பள்ளி நாட்களில் கிட்டத்தட்ட 3 கோடி அமெரிக்கக் குழந்தைகள் பள்ளியின் மதிய உணவுத் திட்டத்தில் சாப்பிடுகிறார்கள். ஜூனில் பள்ளி மூடினால் அந்தச் சாப்பாடும் நின்றுவிடும். அதற்காகவே மத்திய அரசின் கோடை உணவுத் திட்டம் இருக்கிறது. நூலகம், பூங்கா, தேவாலயம் என்று பல இடங்களில் 18 வயது வரை யாருக்கும் இலவசமாகச் சாப்பாடு கொடுப்பார்கள். சாப்பாடு இருக்கும், ஆனால் பிள்ளைகளை அங்கே வரவழைத்து ஒரு மணி நேரம் உட்கார வைக்க விளையாட்டோ கதையோ சொல்ல ஆள் இருக்காது. ஊரில் தங்கியிருக்கும் ஆறு கல்லூரிப் பெண்கள் வாரம் ஒருநாள் போனால் அந்த இடத்தின் முகமே மாறிவிடும். இதைச் செய்கிற சாப்டர்களை நான் குறைவாகவே பார்த்திருக்கிறேன். ஃபோன் எடுத்து "உங்களுக்கு என்ன தேவை?" என்று கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

குழந்தைகளோடு வேலை என்றால் இன்னொரு விஷயம். பின்னணிச் சோதனை, பயிற்சி என்று பல இடங்களில் முன்கூட்டியே கேட்பார்கள், அதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். மே மாதமே தொடங்குங்கள். பெற்றோர் அனுமதி இல்லாமல் ஒரு குழந்தையின் முகத்தையும் சாப்டரின் இன்ஸ்டாகிராமில் போடாதீர்கள். இலவசச் சாப்பாட்டு வரிசையில் நிற்கும் பிள்ளையின் படம் நம் விளம்பரத்துக்கு உரியது கிடையாது.

இல்லாத ஆட்களை நம்பித் திட்டம் போடுவது

சாப்டரில் 120 பேர் இருக்கலாம். ஜூலையில் ஊரில் இருப்பவர்கள் பத்துப் பதினைந்து பேர். கோடை வகுப்பு எடுப்பவர்கள், இன்டர்ன்ஷிப்பில் இருப்பவர்கள், கடையிலோ குழந்தைகள் காப்பகத்திலோ வேலை பார்ப்பவர்கள். மீதிப் பேர் வேறு வேறு மாநிலங்களில் இருப்பார்கள், சிலர் இந்தியாவுக்கே போயிருப்பார்கள். முதல் வேலை, யார் எந்த வாரம் எங்கே இருப்பார்கள் என்று பட்டியல் எடுப்பது. பிறகு மாதத்துக்கு ஒரு சந்திப்பு, ஒரு சேவை. அது போதும்.

வெளியூர்க்காரர்கள் தங்கள் ஊரிலேயே சிறு குழுவாகச் சேரலாம். ஹூஸ்டன் பக்கம் ஐந்து பேர், டாலஸ் பக்கம் ஏழு பேர் என்று பிரித்துவிட்டால் ஒருவர் வீட்டுப் பின்கட்டில் பாட்லக் நடத்திவிடலாம். அந்தந்த ஊர் மூத்த உறுப்பினர்களுக்கும் சொல்லி அனுப்புங்கள். கோடையில் அவர்களைக் கூப்பிட மறப்பதும் ஒரு தவறுதான். வீடும் கொடுப்பார்கள், வேலை தேடும் பெண்ணுக்கு வழியும் சொல்வார்கள்.

வராதவர்களுக்கு அபராதம் போடுவதை நான் முழுமனதோடு எதிர்க்கிறேன். கோடையில் சம்பாதிக்கும் பணத்தில்தான் சில பெண்கள் அடுத்த செமஸ்டர் சந்தாவையே கட்டுகிறார்கள். சனிக்கிழமை ஷிஃப்டை விட்டுவிட்டுப் பிக்னிக்கிற்கு வா என்று அவர்களிடம் சொல்ல நமக்கு உரிமை கிடையாது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு மட்டும் கூடுதல் சேவை நேரம், தண்டனையாகச் சேவை என்பதெல்லாம் இன்னும் மோசம். அது ராகிங் வகையில் போய்ச் சேரும். 2024 டிசம்பரில் கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டத்தின்படி, வளாக ராகிங் சம்பவங்களைக் கல்லூரிகள் கணக்கெடுத்து வெளியிட வேண்டும்.

பணம்

சாப்டர் மொழியில் பிலான்த்ரபி என்றால் ஒரு காரணத்துக்காக நிதி திரட்டுவது. சர்வீஸ் என்றால் நேரில் போய் உழைப்பது. கோடை அறிக்கையில் இரண்டையும் ஒன்றாகக் கலந்து எழுதுகிறார்கள். கார் வாஷ் நடத்திப் பணம் சேர்த்ததை "40 மணி நேரச் சேவை" என்று காட்டுவது சரியில்லை. டிரை டெல்டா என்றால் செயின்ட் ஜூட் குழந்தைகள் மருத்துவமனை, கை ஒமேகா என்றால் மேக் எ விஷ் என்று பல சொராரிட்டிகளுக்குத் தேசிய அளவில் ஓர் அமைப்போடு நீண்ட உறவு உண்டு. அதற்குப் பணம் திரட்டுவது அந்த உறவின் பகுதி. உள்ளூர் ஃபுட் பேங்கில் நிற்பது வேறு வேலை. இரண்டும் வேண்டும், தனித்தனிக் கணக்கில்.

அப்புறம், பணத்தை யாருடைய கணக்கில் வாங்குகிறோம் என்பது. பொருளாளர் வெளியூரில் இருக்கிறார் என்று யாரோ ஒரு பெண்ணின் வென்மோவில் (ஃபோனில் பணம் அனுப்பும் செயலி) எல்லாரையும் போடச் சொல்கிறார்கள். அவளுடைய மளிகைச் செலவும் நன்கொடையும் ஒரே கணக்கில் கலந்து, செப்டம்பரில் கணக்குக் கேட்கும்போது அந்தப் பெண் அழுவாள். எனக்குத் தெரிந்த ஒரு சாப்டரில் இது நடந்தது. அவள் ஒரு டாலர்கூட எடுக்கவில்லை, ஆனாலும் அதை நிரூபிக்க ஒரு மாதம் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. சாப்டர் கணக்கு வேண்டும், அல்லது அந்த அறக்கட்டளையின் இணைப்பிலேயே நேராகப் போடச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. சாப்டர் என்பது வரிச் சட்டப்படி சமூகக் கழகம், 501(சி)(7) வகை. அதற்குக் கொடுக்கும் நன்கொடைக்கு வரிக்கழிவு கிடையாது. 501(சி)(3) வகையில் பதிவான அறக்கட்டளைக்குக் கொடுத்தால்தான் உண்டு. தெரியாமல் "வரிவிலக்கு உண்டு" என்று போஸ்டரில் எழுதிவிடுகிறார்கள். குலுக்கல் பரிசுச் சீட்டு விற்பதற்கும் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும், பார்க்காமல் விற்காதீர்கள்.

"இது சாப்டர் நிகழ்ச்சி இல்லை"

கோடையில் நான் அதிகம் பயப்படும் வாக்கியம் இது. இருபது பேர் சேர்ந்து ஏரிக்கரையில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுப்பார்கள். சாப்டர் குழுவில்தான் அழைப்பு போகும். எல்லாரும் சாப்டரின் கிரேக்க எழுத்துப் போட்ட டி-ஷர்ட்டில் இருப்பார்கள். ஏதாவது ஆனால் மட்டும் "இது தனிப்பட்ட பயணம்" என்பார்கள். பார்ப்பவருக்கு அது சாப்டர் நிகழ்ச்சியாகத் தோன்றினால், விசாரிப்பவர்களுக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் பெரும்பாலும் அப்படியேதான் தோன்றும்.

அமெரிக்காவில் மது அருந்தும் வயது 21. சாப்டரில் பாதிப் பேருக்கு மேல் அதற்குக் கீழே இருப்பார்கள். மது உண்டு என்றால் உரிமம் பெற்ற இடத்தில், அடையாள அட்டை பார்த்துக் கொடுப்பவர் கையில் இருக்கட்டும். படகும் மதுவும் சேரவே கூடாது. டெக்சாஸில் குடித்துவிட்டுப் படகு ஓட்டுவதும் காரைப் போலவே குற்றம். திரும்பக் கூட்டிவரக் குடிக்காத இருவரைப் பெயர் சொல்லி முன்னாலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் போதாது, அவருக்கே தலைவலி வந்துவிடலாம்.

புதிதாகக் கல்லூரிக்கு வரப்போகும் பெண்களை இந்த மாதிரி இடங்களுக்குக் கூப்பிடுவது அடுத்த தவறு. பல வளாகங்களில் ரெக்ரூட்மென்ட், அதாவது புது உறுப்பினர் தேர்வு, ஆகஸ்டில், வகுப்பு தொடங்கும் முன்பே நடக்கும். அதற்கு முன் கோடையில் அவர்களுக்கு மது கொடுப்பதோ, பரிசு கொடுப்பதோ, "உனக்கு எங்களிடம் இடம் நிச்சயம்" என்று வாக்குக் கொடுப்பதோ விதிமீறல். விதியை விடுங்கள், 18 வயதுப் பெண் அந்த வாக்கை நம்பி மற்ற சொராரிட்டிகளை ஒதுக்கிவிட்டு வருவாள். ஆகஸ்டில் பட்டியலில் பெயர் இல்லாமல் அவள் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு கொடுமை என்று தெரியும்.

பார்ட்டிக்குத் தீம் வைக்கும்போது ஒரு இனத்தாரின் உடையை வேஷமாகப் போடாதீர்கள். மெக்சிகோத் தொப்பி, ஒட்டு மீசை, நெற்றியில் பொட்டும் சேலையும் வைத்து "பாலிவுட் இரவு". நம் பெண்கள் அந்த அறையில் சிரித்தபடி நின்றாலும் உள்ளுக்குள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

வெயிலும் ரத்தமும்

தெற்கு மாநிலங்களில் ஜூலை மதியம் 38 டிகிரிக்கு மேல்கூடப் போகலாம். கார் வாஷ், ஐந்து கிலோமீட்டர் ஓட்டம், வீடு கட்டும் வேலை எல்லாம் காலை எட்டு மணிக்குத் தொடங்கிப் பதினொன்றுக்குள் முடியட்டும். தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் கால் மணிக்கு, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும்.

ரத்த தானம் கோடைக்கு மிகப் பொருத்தமான சேவை. பள்ளி, கல்லூரி முகாம்கள் நின்றுபோவதால் கோடையில் ரத்தம் தட்டுப்பாடாகிவிடும். இங்கே செய்யும் தவறு, யாரால் கொடுக்க முடியும் என்று பார்க்காமல் ஆள் கணக்குக் காட்டுவது. பொதுவாக 17 வயதும் 110 பவுண்டு எடையும் வேண்டும். ஒருமுறை கொடுத்தால் 56 நாள் இடைவெளி வேண்டும். நம் பெண்களுக்கு இன்னொரு தடையும் வரும். மலேரியா உள்ள பகுதிக்குப் போய் வந்தவர்கள் மூன்று மாதம் கொடுக்க முடியாது என்பது வழக்கமான விதி, இந்தியாவின் பெரும்பகுதி அதில் வருகிறது. ஜூனில் தாத்தா பாட்டியைப் பார்க்கச் சென்னைக்கோ மதுரைக்கோ போய் வந்தவளை ஜூலை முகாமில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அங்கேயே வளர்ந்து புதிதாகப் படிக்க வந்தவர்களுக்குக் காத்திருப்பு வருடக்கணக்கில் இருக்கலாம். தெற்காசிய சாப்டர் இருபது பெயர் கொடுத்து, பன்னிரண்டு பேரைத் திருப்பி அனுப்ப வேண்டி வந்தால் முகாம் நடத்துபவர்களுக்கு அந்த நேரம் வீண். ரத்த வங்கியிடம் முன்பே கேட்டுவிட்டு, கொடுக்க முடியாதவர்களைப் பதிவு மேசைக்கும் பழச்சாறு கொடுக்கவும் வைத்துக்கொள்ளலாம்.

எழுதி வைக்காமல் போவது

பெரும்பாலான சாப்டர்களில் ஆண்டுக் கடைசியில் பொறுப்பாளர்கள் மாறுகிறார்கள். கோடையை நடத்திய பெண் போய்விட, அடுத்த மே மாதம் வருபவள் முதலிலிருந்து தொடங்குகிறாள். அதே ஃபுட் பேங்கிற்கு மறுபடி அறிமுகம், அதே தவறான கிழமை. எங்கள் சாப்டரில் இப்போது ஒரே ஒரு பக்கம் எழுதி வைக்கிறோம். யாரை அழைக்க வேண்டும், எத்தனை பேர் நிஜமாக வந்தார்கள், எவ்வளவு செலவு, அவர்கள் நம்மிடம் என்ன சொன்னார்கள். ஃபுட் பேங்க் பற்றிப் போன வருடப் பக்கத்தின் கடைசி வரி இது: "சனிக்கிழமை அவர்களுக்கு ஆள் அதிகம், நம்மால் இடைஞ்சல்தான். செவ்வாய் காலை ஒன்பது மணிக்கு மூன்று பேர் வந்தால் போதும் என்கிறார்கள், பெட்டி தூக்கத் தெரிந்தவர்களாக."