நன்றி சொல்லும்போது நாம் சறுக்குகிற இடங்கள்

சபையில், ஆண்டவர் செய்த நன்மைகளை எழுந்து சொல்லுகிற சாட்சி நேரம் வந்தால் என்னென்ன கேட்கலாம் என்பது பழகினவர்களுக்குத் தெரியும். விசா கிடைத்தது. ஸ்கேன் ரிப்போர்ட் நார்மல் என்று வந்தது. பல வருஷம் கழித்துக் குழந்தை பிறந்தது. பையன் போன பைக் லாரியில் மோதியும் ஒரு கீறல்கூட இல்லை. எல்லாமே நன்றி சொல்ல வேண்டிய காரியங்கள்தான். ஆனால், "இந்த வாரம் எங்கள் வீட்டில் விசேஷமாக ஒன்றும் நடக்கவில்லை, அதற்காக ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்" என்று எழுந்து சொன்னவரைப் பார்த்திருக்கிறீர்களா? சொன்னால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் ஒரு மாதிரி பார்ப்பார்.

பெரிதாக ஏதாவது நடந்தால்தான் ஆசீர்வாதம் என்கிற இந்தக் கணக்கில் முதல் கோளாறு தொடங்குகிறது. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து வெளியே வந்த இஸ்ரவேலருக்கு, வனாந்தரத்தில் 40 வருஷம் மன்னா என்கிற ஆகாரம் தேவனிடமிருந்து கிடைத்தது. யாத்திராகமத்தில் அதன் ருசி தேன் கலந்த பணியாரம் போல என்று எழுதியிருக்கிறது. எண்ணாகமம் 11-ஆம் அதிகாரத்துக்கு வருவதற்குள் மக்களுக்கு அது அலுத்துப்போய்விட்டது. இந்த மன்னாவைத் தவிர வேறொன்றும் இல்லையே என்று அழுகிறார்கள். எகிப்தில் சாப்பிட்ட மீனும் வெள்ளரிக்காயும் கொம்மட்டிக்காயும் வெங்காயமும் பூண்டும் ஞாபகத்துக்கு வருகின்றன. அதுவும் அங்கே காசில்லாமல் சாப்பிட்டார்களாம்! செங்கல் அறுத்து முதுகு ஒடிந்ததும், பிறந்த ஆண் பிள்ளைகளை நதியில் போடச் சொன்னதும் அந்தப் பட்டியலில் இல்லை. தினமும் கிடைப்பது கண்ணுக்குத் தெரியாமல் போகும்போது, பட்ட கஷ்டமும் கூடவே மறந்து, பழசெல்லாம் இனித்துவிடுகிறது. "அந்தக் காலத்துல நாங்க..." என்று நாம் ஆரம்பிக்கிற பேச்சுகளையும் கொஞ்சம் இப்படிச் சோதித்துப் பார்க்கலாம்.

மன்னா எப்போது நின்றது என்பது யோசுவா 5-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. கானான் தேசத்துத் தானியத்தைச் சாப்பிட்ட மறுநாள் நின்றுவிட்டது. அத்தனை வருஷம் சோறு போட்ட மன்னாவுக்காக அன்று யாராவது நன்றி சொன்னதாக அங்கே ஒரு வரியும் இல்லை.

அடுத்து வருவதுதான் இருப்பதிலேயே மோசமானது என்பது என் கணிப்பு. பார்ப்பதற்கு அது தவறு மாதிரியே இருக்காது. பிள்ளைக்குப் பிறந்தநாள். குழந்தைகள் காப்பகத்துக்குப் பிரியாணி கொண்டுபோகிறோம். அங்கே இருக்கிற பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள், பாட்டுப் பாடுகிறார்கள், கொடுத்தவர் குடும்பத்துக்காக ஜெபம் பண்ணுகிறார்கள், போட்டோ எடுக்கிறோம். திரும்பி வரும்போது காரில் நம் பிள்ளையிடம், "பார்த்தியா? அவங்களுக்கு அப்பா அம்மா இல்ல, உனக்கு எல்லாம் இருக்கு, கர்த்தருக்கு நன்றி சொல்லு" என்கிறோம். பிள்ளைக்கு நன்றியைக் கற்றுக்கொடுத்த திருப்தி நமக்கு. அங்கே ஒரு பிள்ளை தன் இழப்பை நமக்குப் பாடப் புத்தகமாகத் திறந்து வைத்துவிட்டு நிற்கிறது. அரசு ஆஸ்பத்திரி ஜெனரல் வார்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நம்ம எவ்வளவோ பரவாயில்ல" என்று பெருமூச்சு விடுவதும் இதே ரகம்.

இந்த மாதிரி நன்றியைப் பற்றி இயேசு சொன்ன உவமை லூக்கா 18-இல் இருக்கிறது. "தேவனே! நான் பறிகாரர், அநியாயக்காரர், விபசாரக்காரர் ஆகிய மற்ற மனுஷரைப்போலவும், இந்த ஆயக்காரனைப்போலவும் இராததனால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்" என்று பரிசேயன், அதாவது நியாயப்பிரமாணத்தைக் கண்டிப்பாகக் கைக்கொள்ளும் யூதன், ஜெபிக்கிறான். அவனிடம் குறை கண்டுபிடிப்பது சுலபமில்லை. ஆலயத்துக்கு வந்திருக்கிறான், வாரத்தில் இரண்டு தரம் உபவாசம் இருக்கிறான், தசமபாகம் சரியாகக் கொடுக்கிறான், ஜெபத்தை ஸ்தோத்திரத்தோடு ஆரம்பிக்கிறான். வரி வசூலிப்பவனாகிய அந்த ஆயக்காரன் ஜெபத்திலோ ஸ்தோத்திரம் என்பதே கிடையாது; பாவியாகிய என்மேல் கிருபையாயிரும் என்பதோடு முடிந்தது. நீதிமானாக வீட்டுக்குத் திரும்பியவன் நன்றி சொல்லாத அந்த ஆள்தான். அடுத்தவன் இல்லாமல் பரிசேயனால் நன்றி சொல்லவே முடியவில்லை, கவனித்தீர்களா? தன் வீட்டு விளக்கு எரிவது தெரிய அவனுக்குப் பக்கத்து வீடு இருட்டாக இருக்க வேண்டும்.

இல்லாதவர்களைப் பார்க்கவே கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. தாராளமாகப் போகட்டும். போன இடத்தில் அந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அதே பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு, அவர்கள் எந்த வகுப்பு, எந்த வாத்தியாரைப் பிடிக்கும் என்று பேசிவிட்டு வந்தாலே போதும். காரில் பிரசங்கம் தேவைப்படாது.

அப்புறம், துக்க வீடு. சிறு வயதிலேயே ஒருவர் போய்விட்டார், மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். வருகிறவர்களில் யாராவது ஒருவர் நிச்சயம் சொல்வார்: "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரம் செய்யணும்மா. கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்." நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் கர்த்தர் கொடுத்தார் என்கிற அந்த வசனத்தை (யோபு 1:21) சொன்னது யோபு. பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் பறிகொடுத்தவர் தன் வாயால் சொன்னது அது. துக்கம் விசாரிக்க வந்த யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அதே யோபு 3-ஆம் அதிகாரத்தில், தான் பிறந்த நாளைச் சபிக்கிறார். அதை யாரும் துக்க வீட்டில் எடுத்துச் சொல்வதில்லை.

அவருடைய நண்பர்கள் மூன்று பேரும் முதலில் செய்தது ரொம்ப சரி. ஏழு நாள் ராப்பகலாக ஒரு வார்த்தையும் பேசாமல் கூடவே தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் வம்பு. கடைசியில் ஆண்டவர் அந்த நண்பர்களைத்தான் கோபித்துக்கொள்கிறார். தன்னைப் பற்றிச் சரியாகப் பேசியவன் யோபுதான் என்கிறார். அத்தனை முறையிட்ட யோபு!

சங்கீத புத்தகத்தைத் திறந்தாலும் இதே கதைதான். துதியின் புத்தகம் என்கிறோம், அதில் புலம்பல் அத்தனை இருக்கிறது. 88-ஆம் சங்கீதம் ஒரு நன்றி வார்த்தைகூட இல்லாமல், வேண்டியவர்கள் எல்லோரும் விலகிப்போன நிலையிலேயே முடிந்துவிடுகிறது. அதையும் வேதத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். இறந்துபோன நண்பன் லாசருவின் கல்லறைக்கு வந்த இயேசு என்ன செய்தார்? முதலில் அழுதார். பிதாவே, எனக்குச் செவிகொடுத்ததற்காக உம்மை ஸ்தோத்திரிக்கிறேன் என்று சொன்னது அதற்குப் பிறகு. ஆகவே துக்க வீட்டுக்குப் போனால் காபி போட்டுக் கொடுக்கலாம், வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போடலாம், மரணச் சான்றிதழுக்கு அலையலாம். ஸ்தோத்திரம் சொல்லும் நேரம் எப்போது என்பதை அந்த அம்மாவே பார்த்துக்கொள்வார்.

இன்னொன்று சிரிப்பும் வரும், வருத்தமும் வரும். சாப்பாட்டு மேஜையில் கண்ணை மூடி, இந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம் என்று பயபக்தியோடு ஜெபம். ஆமென் சொன்ன கையோடு, "என்ன, குழம்புல உப்பு கம்மியா இருக்கே?" காலையிலிருந்து அடுப்படியில் நின்றவருக்கு அந்த ஜெபத்திலும் இடமில்லை, அதற்குப் பிறகும் இடமில்லை. "எல்லாம் ஆண்டவர் செய்தார்" என்பது உண்மையான விசுவாச வார்த்தை. ஆனால் ஆபரேஷனுக்காகச் சங்கிலியை அடகு வைத்த நாத்தனாரையும், ராத்திரி முழுக்க வார்டில் கண்விழித்த தம்பியையும் மறந்துபோக வசதியான வார்த்தையாகவும் அது ஆகிவிடுகிறது.

பவுல் அப்படிச் செய்யவில்லை. ரோமாபுரி விசுவாசிகளுக்கு அவர் எழுதின கடிதத்தில், ரோமர் 16-ஆம் அதிகாரத்தை நாம் வெறும் பெயர்ப் பட்டியல் என்று தாண்டிப் போய்விடுவோம். இருபதுக்கும் மேற்பட்டவர்களைப் பெயர் சொல்லி விசாரிக்கிறார். பெபேயாள் தனக்கும் பலருக்கும் ஆதரவாக இருந்தவள் என்கிறார். பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் தன் உயிருக்காகத் தங்கள் கழுத்தையே கொடுத்தார்கள் என்று சொல்லி நன்றி தெரிவிக்கிறார். ரூபின் தாயைத் தனக்கும் தாய் என்கிறார். அந்த அம்மா பவுலுக்கு என்ன செய்தார் என்று அங்கே எழுதியில்லை. ஒருவேளை உப்பு சரியாகப் போட்ட குழம்பாகக்கூட இருக்கலாம்.

காணிக்கை விஷயத்துக்கு வருவோம். வேலை கிடைத்தால் முதல் மாதச் சம்பளம், வீடு கட்டினால் ஒரு தொகை என்று ஸ்தோத்திரக் காணிக்கை படைப்பது நம் சபைகளில் அழகான பழக்கம். அது கெட்டுப்போவது இரண்டு இடத்தில். கவரில் இருக்கிற தொகையும் பெயரும் மைக்கில் வாசிக்கப்படும்போது ஒன்று. இவ்வளவு போட்டால் இவ்வளவாகத் திரும்பி வரும் என்று கணக்குப் போடும்போது இன்னொன்று. லேவியராகமம் 7-இல் ஸ்தோத்திர பலிக்கு ஒரு விதி உண்டு. அந்த மாம்சத்தை அன்றைக்கே சாப்பிட்டுத் தீர்க்க வேண்டும், விடியும்வரை கொஞ்சமும் மிச்சம் வைக்கக்கூடாது. ஒரு ஆட்டையோ மாட்டையோ ஒரே நாளில் ஒரு குடும்பம் எப்படித் தின்று தீர்க்கும்? நாலு பேரைக் கூப்பிட்டே ஆக வேண்டும். உபாகமம் 26-இல் முதற்பலன் கொண்டுவருகிறவனும் லேவியனோடும் பரதேசியோடும் சேர்ந்துதான் சந்தோஷப்பட வேண்டும். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துச் சபைகளின் அசனப் பண்டிகை எனக்குப் பிடிப்பதற்கு இதுதான் காரணம். அண்டா அண்டாவாகப் பொங்கி, வந்தவர் எல்லோருக்கும் இலை போட்டால், அது அன்றைக்கே தீர்ந்துவிடுகிற நன்றி. அதிலும் முக்கியஸ்தர்களுக்கு என்று தனிப் பந்தி போட்டுவிட்டால் கதை வேறு. அப்போது, சபை விருந்தில் இல்லாதவர்கள் பசியோடிருக்க மற்றவர்கள் முந்திச் சாப்பிட்டதைப் பவுல் கண்டிக்கிற 1 கொரிந்தியர் 11-ஐ எடுத்து வாசிக்க வேண்டியதுதான்.

விளைச்சலுக்கு நன்றி சொல்லிச் சபையில் கொண்டாடும் அறுப்பின் பண்டிகையில், காணிக்கையாக வந்த பூசணிக்காயும் வாழைத்தாரும் சேவலும் சந்தை விலையைவிடப் பல மடங்குக்கு ஏலம் போகும். அந்த வயலை அறுத்தவர்களுக்குக் கூலி ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததா என்று யாரும் ஏலத்தில் கேட்பதில்லை. பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்கிறது யாக்கோபு 5:4. குறைந்த சம்பளத்தில் கசங்குகிறவரிடம், "இதாவது கிடைக்குதே, ஸ்தோத்திரம் சொல்லு" என்பதும், அடிவாங்கும் பெண்ணிடம், "நல்ல குடும்பம் அமைஞ்சிருக்கு, நன்றியோட இரு" என்பதும் நன்றியைப் போதிப்பது ஆகாது. அநியாயத்துக்குக் காவல் நிற்பது. அந்தச் சம்பளத்தைக் கேட்டு வாங்கத் துணை போவதும், அந்தப் பெண்ணுக்குப் போக ஓர் இடம் பார்த்துக் கொடுப்பதும் அவசரமான வேலைகள்.

கடைசியாக, ஆசீர்வாத நோட்டு. புது வருஷ ஆராதனை முடிந்த கையோடு ஒரு டைரி வாங்கி, தினமும் ஐந்து நன்றிகள் எழுதுவதாகத் தீர்மானம் எடுப்பவர்கள் நிறைய. நல்லதுதான். ஆனால் "சுகம், பெலன், ஜீவன், குடும்பம், ஆகாரம்" என்று தினமும் அதே ஐந்தை எழுதினால் கை எழுதும், மனசு வேறெங்கோ இருக்கும். அதற்குப் பதிலாக ஒரே ஒரு விஷயம், அன்றைக்கு மட்டும் நடந்தது, கூடுமானால் அதில் ஒரு ஆளின் பெயரோடு எழுதிப் பாருங்கள். தண்ணீர் லாரி வந்தபோது நம் குடத்தையும் சேர்த்துப் பிடித்து வைத்த மாடி வீட்டு அக்கா. டிக்கெட்டுக்குச் சில்லறை இல்லாதபோது, "பரவாயில்ல, அப்புறம் கொடுங்க" என்ற கண்டக்டர். எழுத விட்டுப்போன நாளுக்காகக் குற்ற உணர்ச்சி வேண்டாம். பிப்ரவரியில் நோட்டு நின்றுபோனால் நின்றுபோகட்டும். அந்த அக்காவிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்.