ஃபிஃப்த் வீல் ஹிட்ச்: வாங்கும்போதும் மாட்டும்போதும் செய்யக்கூடாத தவறுகள்

பிக்கப் டிரக்கின் பெட்டில், அதாவது பின்பக்கத் திறந்த சாமான் தொட்டியில், மாட்டி இழுக்கும் ட்ரெய்லர்தான் ஃபிஃப்த் வீல். அதை இழுக்கத் தயாராகும் பலரும், இரண்டையும் இணைக்கும் ஹிட்ச் வாங்கும்போது முதலில் பார்ப்பது அதன் மேல் ஒட்டியிருக்கும் எண்ணைத்தான். 16,000 பவுண்டு, 20,000 பவுண்டு, 25,000 பவுண்டு என்று வரிசையாக இருக்கும். பெரிய எண்ணாகப் பார்த்து வாங்கிவிட்டால் பயமில்லை என்ற நினைப்பில் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். ஆனால் அந்த எண் ஹிட்சின் இரும்பு எவ்வளவு தாங்கும் என்பதை மட்டுமே சொல்கிறது. அதைச் சுமக்கப்போகும் டிரக்கின் வரம்பு வேறு இடத்தில் எழுதியிருக்கிறது.

அமெரிக்காவிலும் கனடாவிலும் விற்கும் பிக்கப்களில் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால், தூணில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக்கூடாது என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். அதுதான் உங்கள் டிரக்கின் பேலோடு. விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் வரும் இழுவைத் திறனை மறந்துவிட்டு முதலில் இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே மாடலிலேயே வண்டிக்கு வண்டி இது மாறும் என்பதால், பக்கத்து வீட்டுக்காரர் வண்டியின் எண் உங்களுக்கு உதவாது.

பேலோடு ஏன் இவ்வளவு முக்கியம்? டிரக்கின் பின்னால் உள்ள இரும்புப் பந்தில் மாட்டும் சாதாரண ட்ரெய்லர் தன் எடையில் 10 முதல் 15 சதவீதத்தை டிரக்கின் மேல் வைக்கும். ஃபிஃப்த் வீல் 15 முதல் 25 சதவீதம் வரை வைக்கும். 10,000 பவுண்டு ட்ரெய்லர் என்று வைத்துக்கொள்வோம். 20 சதவீதம் என்றால் கிங்பின் (ட்ரெய்லரின் முன்பகுதியில் கீழ்நோக்கி நிற்கும், ஹிட்சில் மாட்டும் இரும்பு முளை) வழியாக மட்டும் 2,000 பவுண்டு இறங்குகிறது. ஹிட்சின் சொந்த எடை 150 பவுண்டு. குடும்பத்தில் நாலு பேர், 550 பவுண்டு. கருவிப்பெட்டி, ஜெனரேட்டர் என்று இன்னொரு 100. மொத்தம் 2,800. உங்கள் ஹாஃப் டன் (இலகு ரக) டிரக்கின் ஸ்டிக்கரில் 1,700 என்று இருந்தால், வீட்டு வாசலைத் தாண்டுவதற்கு முன்பே 1,100 பவுண்டு கூடுதலாக ஏறிவிட்டது. இதே டிரக்கின் விளம்பரம் 11,000 பவுண்டு இழுக்கும் என்று சொல்லியிருக்கலாம், அதில் பொய்யும் இல்லை. இழுப்பது இன்ஜின். சுமப்பது ஸ்பிரிங்கும் ஆக்சிலும் டயரும்.

பின்பக்கம் தாழ்ந்துபோனால் ஸ்பிரிங்குக்குத் துணையாகக் காற்றடைத்த ஏர் பேக் போட்டு நிமிர்த்திவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். வண்டி மட்டமாக நிற்கும், ஆனால் ஆக்சிலின் வரம்பும் டயரின் வரம்பும் ஒரு பவுண்டுகூட ஏறாது. வண்டி தாழ்வதுதான் கண்ணுக்குத் தெரியும் ஒரே எச்சரிக்கை, அதையும் மறைத்துவிடுவதால் இந்த யோசனை எனக்குப் பிடிப்பதே இல்லை.

ட்ரெய்லர் விற்பவர் காட்டும் தாளில் உள்ள பின் எடையையும் (கிங்பின் வழியாக டிரக்கில் இறங்கும் பாரம்) அப்படியே நம்பாதீர்கள். அது ட்ரெய்லர் காலியாக இருக்கும்போது உள்ள எண். கேஸ் சிலிண்டர், பேட்டரி, முன்பக்கச் சாமான் அறை எல்லாம் பெரும்பாலும் கிங்பின்னை ஒட்டியே இருப்பதால், அங்கே வைக்கும் பொருளின் பாரத்தில் பெரும்பகுதி டிரக்கின் மேல்தான் விழும். தண்ணீர் ஒரு கேலனுக்கு 8.3 பவுண்டு, 60 கேலன் தொட்டி நிரம்பினால் 500 பவுண்டு. ஆகவே ட்ரெய்லரின் காலி எடையை விட்டுவிட்டு, அதன் லேபிளில் உள்ள அதிகபட்ச மொத்த எடையை வைத்துக் கணக்கு போடுங்கள். வாங்கிய பிறகு நெடுஞ்சாலை டிரக் ஸ்டாப் ஒன்றில் கேட் ஸ்கேல் (CAT Scale) எடைமேடையில் ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். ட்ரெய்லரோடு ஒரு தடவை, அதே ஆட்களும் அதே சாமானும் இருக்க, ட்ரெய்லரைக் கழற்றிவிட்டு ஒரு தடவை. டிரக்கின் இரண்டு ஆக்சில்களின் கூட்டுத்தொகையில் வரும் வித்தியாசம்தான் உங்கள் உண்மையான பின் எடை.

குட்டையான பெட், திரும்பும்போது கேபின்

திரும்பும்போது ட்ரெய்லர் கேபினில் இடிக்குமோ என்ற கவலை 8 அடி பெட் உள்ள டிரக்கில் அநேகமாக இல்லை. ஐந்தரை, ஆறரை அடி பெட்டில்தான் சிக்கல். ஹிட்ச் பின் ஆக்சிலுக்கு நேர் மேலேயோ சற்று முன்னாலோ உட்கார வேண்டும், அங்கிருந்து கேபினின் பின்சுவருக்கு மிச்சமிருக்கும் இடம் குறைவு. 102 அங்குல அகலமுள்ள ட்ரெய்லர் 90 டிகிரி திரும்பினால், கிங்பின்னிலிருந்து 51 அங்குலம் கேபின் பக்கமாக நீட்டிக்கொண்டு நிற்கும். முழுதாகத் திரும்புவதற்கு முன்பே அதன் முன் மூலை இன்னும் நெருங்கி வரும். கிங்பின் நிற்கும் இடத்துக்கும் கேபின் கண்ணாடிக்கும் உள்ள தூரத்தை டேப்பால் அளந்து, இந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இடம் போதாவிட்டால் நகரும் ஹிட்ச் தேவை. கையால் நகர்த்தும் வகை விலை குறைவு. ஆனால் வளைவதற்கு முன்பே நினைவு வைத்து, பூட்டை விடுவித்து, பின்னுக்குத் தள்ளி, வேலை முடிந்ததும் மறக்காமல் முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். இருட்டில், மழையில், நெருக்கமான முகாமிடத்தில் ரிவர்ஸ் எடுக்கும்போதுதான் இது மறந்துபோகும், கண்ணாடி உடைவதும் அப்போதுதான். பின்னுக்குத் தள்ளிய நிலையிலேயே சாலையில் ஓட்டுவதும் தவறு, பாரம் ஆக்சிலுக்குப் பின்னால் போய் முன்சக்கரங்களின் பிடி குறையும். தானாக நகரும் வகையில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதற்கு, ட்ரெய்லரில் கிங்பின் பொருந்தியிருக்கும் பெட்டியான ‘பின் பாக்ஸ்’ (pin box) மேல் ஒரு தகடு பொருத்த வேண்டும். உங்கள் பின் பாக்ஸ் மாடலுக்கு அந்தத் தகடு கிடைக்குமா என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

பெட்டில் பொருத்துவது

பெட்டின் தரை வெறும் தகடு. ஹிட்ச் பாரம் சேசிஸுக்குப் போய்ச் சேர வேண்டும். ஹிட்சைத் தாங்கும் ரெயில்களின் போல்ட் தரையைத் துளைத்துக் கீழே இருக்கும் பிராக்கெட்டில் இறங்கி, அந்த பிராக்கெட் சேசிஸில் பிடித்திருக்க வேண்டும். ஃபோர்டின் எஃப்-150 வண்டிகளுக்கு 2015 மாடல் முதலும், சூப்பர் டியூட்டிக்கு 2017 முதலும் பெட் அலுமினியம் என்பதால் இங்கே ஏனோதானோ வேலை சுத்தமாக ஆகாது. டிரில் பிடிப்பதற்கு முன் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். பெட்ரோல் அல்லது டீசல் டாங்கும் பிரேக் குழாயும் வயர் கட்டும் நீங்கள் நினைக்கும் இடத்தில் இருக்காது. தொழிற்சாலையிலேயே ஹிட்சுக்கான குழிகள் வைத்து வரும் டிரக் என்றால், அதற்கென்றே செய்த ஹிட்ச் வாங்கிவிடுங்கள், துளைக்கும் வேலையே மிச்சம். போல்ட்டை டார்க் ரெஞ்சால் இறுக்கி, முதல் பயணத்துக்குப் பிறகு மறுபடி சரிபாருங்கள்.

பெட்டின் நடுவில் கூஸ்நெக் பந்து (வேறு வகை ட்ரெய்லரை மாட்டுவதற்கான பந்து) ஏற்கெனவே இருந்தால், கிங்பின்னில் மாட்டும் அடாப்டர் ஒன்றே போதும் என்று தோன்றும். அந்த நீளமான அடாப்டர் நெம்புகோல்போல் வேலை செய்து ட்ரெய்லர் சட்டத்தின் முன்பகுதியை முறுக்கும். சட்டத்துக்கான வாரண்டியை இதனால் சில தயாரிப்பாளர்கள் ரத்து செய்துவிடுகிறார்கள். வாயால் சொன்ன உறுதியை ஏற்காதீர்கள், எழுத்தில் வாங்குங்கள். அடாப்டருக்குப் பதிலாக, கூஸ்நெக் குழியிலேயே இறங்கிப் பொருந்தும் முழு ஹிட்ச் உண்டு. பி அண்ட் டபிள்யூ நிறுவனத்தின் கம்பானியன் அந்த வகைதான்.

உயரம் பற்றிச் சுருக்கமாக: பெட்டின் பக்கவாட்டு விளிம்புக்கும் ட்ரெய்லரின் அடிப்பாகத்துக்கும் நடுவே குறைந்தது ஐந்தரை, ஆறு அங்குல இடைவெளி வேண்டும். ட்ரெய்லரும் மட்டமாக நிற்க வேண்டும். இரண்டும் ஒத்துவராவிட்டால் ஹிட்ச் உயரத்தையும் பின் பாக்சையும் சேர்த்தே சரிசெய்யுங்கள்.

தாடையைக் கண்ணால் பாருங்கள்

எல்லாத் தவறுகளிலும் எனக்கு அதிகம் கவலை தருவது இதுதான். கிங்பின்னின் நடுவில் 2 அங்குல விட்டத்தில் ஒரு குறுகிய கழுத்து உண்டு, அதற்குக் கீழே அகன்ற விளிம்பு. ஹிட்சின் தாடை அந்தக் கழுத்தைக் கவ்விப் பிடிக்க வேண்டும். ட்ரெய்லரைத் தேவைக்கு மேல் உயர்த்தி வைத்துக்கொண்டு ரிவர்ஸ் எடுத்தால், கிங்பின் தாடைக்குள் இறங்காமல் அதன் மேலேயே உட்கார்ந்துவிடும். சில ஹிட்ச்களில் தாடையைப் பூட்டும் கைப்பிடிகூட மூடிக்கொள்ளும். சமதரையில் ட்ரெய்லர் பேசாமல் பின்னால் வரும். முதல் மேடு பள்ளத்திலோ முதல் பிரேக்கிலோ கிங்பின் துள்ளி வெளியே வந்து, முழு ட்ரெய்லரும் பெட்டின் இரண்டு பக்கச் சுவர்கள் மேல் விழுந்து அவற்றை நசுக்கும்.

மாட்டுவதற்கு முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, டெயில்கேட்டை இறக்குங்கள். ட்ரெய்லரின் அடித்தகடு ஹிட்ச் தகட்டைவிட அரை அங்குலம் தாழ்வாக இருக்கட்டும். அப்போது டிரக் பின்னால் வரும்போது ட்ரெய்லர் சற்றே தூக்கப்பட்டு, தகடும் தகடும் ஒட்டும். பிறகு இறங்கி டார்ச் அடித்துப் பாருங்கள். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் இரண்டு தகடுகளுக்கும் நடுவே வெளிச்சம் தெரியக்கூடாது. பின்னாலிருந்து பார்த்தால் தாடை கழுத்தைச் சுற்றி முழுதாக மூடியிருக்க வேண்டும். கைப்பிடி மூடிவிட்டது என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

அடுத்து இழுத்துப் பார்க்கும் சோதனை. கட்டையை எடுக்காதீர்கள். ட்ரெய்லரைத் தாங்கி நிற்கும் முன்கால்களையும் முழுதாகத் தூக்காதீர்கள், தரையை லேசாகத் தொட்டபடி இருக்கட்டும். ட்ரெய்லருக்கு மின்சாரம் தரும் 7 பின் (7-pin) பிளக்கைச் செருகி, டிரக்கில் உள்ள பிரேக் கண்ட்ரோலரின் கைப்பிடியால் ட்ரெய்லர் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, டிரக்கை மெல்ல முன்னால் நகர்த்துங்கள். ட்ரெய்லர் அசையாமல் டிரக் திணறினால் பிடி சரி. ஒருவேளை கிங்பின் கழன்றால், கால்கள் தரையில் இருப்பதால் ட்ரெய்லர் அப்படியே நிற்கும். காலைத் தூக்கிவிட்டுச் செய்யும் சோதனையில் இந்தப் பாதுகாப்பே இல்லை. எல்லாம் சரியென்றால் கைப்பிடியில் கிளிப் அல்லது பூட்டைப் போட்டுவிடுங்கள்.

ட்ரெய்லர் கழன்று போனால் அதன் பிரேக்கைத் தானாகப் பிடிக்கவைக்கும் பிரேக்அவே கேபிளை ஹிட்சின் தலையிலோ கைப்பிடியிலோ மாட்டாமல், டிரக்கின் உறுதியான ஒரு பாகத்தில் மாட்டுங்கள். ஹிட்சே பிய்த்துக்கொண்டு ட்ரெய்லரோடு போனால், ஹிட்சில் மாட்டிய கேபிள் இழுபடவே இழுபடாது, பிரேக்கும் பிடிக்காது. ட்ரெய்லர் பேட்டரி செத்திருந்தாலும் இதே கதிதான். தகட்டுக்கு கிரீஸ் தடவலாம், அல்லது பிளாஸ்டிக் வட்டு போடலாம், இரண்டில் ஒன்று போதும். தாடைக்கு மட்டும் எப்போதும் கிரீஸ் வேண்டும்.

கழற்றும்போது நிறையப் பேர் முதலில் கைப்பிடியை இழுக்கிறார்கள். கட்டை வைப்பதுதான் முதல் வேலை. பிறகு முன்கால்களை இறக்கி, டிரக்கின் பின்பக்கம் சற்று எழும்பும்வரை பாரத்தை வாங்கவிடுங்கள். டெயில்கேட்டை இறக்கி, பிளக்கையும் கேபிளையும் கழற்றுங்கள். கைப்பிடி அசையாவிட்டால் சுத்தியலைத் தேட வேண்டாம், டிரக்கைக் கொஞ்சம் பின்னுக்கு அழுத்தினால் தாடையின் இறுக்கம் தளர்ந்துவிடும். கைப்பிடியைத் திறந்த பிறகு சில அங்குலம் மட்டும் முன்னால் போய் நிறுத்தி, கால்கள் தரையில் அமிழாமல் நிற்கின்றனவா என்று இறங்கிப் பார்த்துவிட்டு டிரக்கை வெளியே எடுங்கள்.